ரோந்து முடித்துக் கரையேறிய நீர்மூழ்கி மாலுமி விமானத்திலிருந்து குதிக்கலாமா?

சியாட்டில் சித்தி:
என் அக்கா மகன் அமெரிக்கக் கடற்படையில் இருக்கிறான். வாஷிங்டன் மாநிலத்துப் பாங்கர் தளம், ஏவுகணை சுமக்கும் ஓஹையோ வகை நீர்மூழ்கி, தண்ணீருக்குள் ஒலியை வைத்து மற்ற கப்பல்களைக் கண்டறியும் சோனார் பிரிவு. 170 மீட்டர் நீளக் கப்பலில் ஏறக்குறைய 155 பேர். ஒவ்வொரு கப்பலுக்கும் நீலம், தங்கம் என்று இரண்டு குழுக்கள். ஒரு குழு சராசரியாக 77 நாள் கடலில் இருந்துவிட்டு வரும், 35 நாள் போலப் பராமரிப்பு நடக்கும், அப்புறம் அடுத்த குழு ஏறும். கரையில் இருக்கும் மாதங்களில் இவன் சனி, ஞாயிறு ஆனால் ஷெல்டன் விமானத் திடலுக்குப் போய் ஸ்கைடைவிங் செய்கிறான். அவன் கப்பல்காரர்கள் இன்னும் சிலரும் கூட்டு.

அக்காவுக்குத் தாங்கவில்லை. "தண்ணிக்குள்ள போறது போதாதா, இது வேறயா" என்று ஃபோனில் புலம்புகிறாள். அத்தான் மகன் பக்கம். எனக்கு அக்கா பேச்சில்தான் நியாயம் தெரிகிறது. இவ்வளவு பணமும் வருடங்களும் செலவழித்துப் பயிற்சி கொடுத்த ஆளை, ஓய்வு நேரத்தில் இப்படிக் குதிக்க விடலாமா? கடற்படையே தடுக்க வேண்டாமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பழைய கல்வரி:
தடுக்கத்தான் வேண்டும் அம்மா. நான் விசாகப்பட்டினத்தில் டீசல் நீர்மூழ்கிகளில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். உயிர் போய்விடும் என்று சொல்ல வரவில்லை. எனக்குக் கவலை கணுக்கால்.

நீர்மூழ்கியில் உபரி ஆள் கிடையாது. அமெரிக்கர்கள் முன்பு 6 மணி நேர வாட்ச், அதாவது காவல் பணி முறை வைத்து, 18 மணி நேரத்தை ஒரு நாளாக ஓட்டினார்கள். சுமார் 10 ஆண்டுகளுக்கு முன்புதான் 8 மணி நேர வாட்ச், 24 மணி நேர நாள் என்று மாற்றினார்கள். ஒரு இருக்கைக்கு மூன்று பேர் முறை. அதில் ஒருவன் காலில் மாவுக்கட்டோடு வீட்டில் கிடந்தால், மீதி இரண்டு பேர் ஆளுக்கு 12 மணி நேரம் மாறி மாறி உட்கார வேண்டும். வாட்ச் முடிந்தால் தூக்கம் என்றும் நினைக்காதீர்கள். பராமரிப்பு வேலை, தீயணைப்புப் பயிற்சி, தகுதித் தேர்வுக்குப் படிப்பது, துப்புரவு எல்லாம் அந்த மீதி நேரத்தில்தான். இரண்டரை மாதம் இப்படி ஓடினால் சோனார் திரையில் ஒரு கோடு தெரிந்தும் மனதில் ஏறாது.

இல்லையென்றால் அடுத்த குழுவிலிருந்து ஒருவனை இரவல் வாங்குவார்கள். அவன் அப்போதுதான் ரோந்து முடித்து வந்து பிள்ளை முகத்தைப் பார்த்திருப்பான். பெட்டியைக் கட்டிக்கொண்டு மறுபடி ஏற வேண்டும். குதித்தவன் ஒருவன், அனுபவிக்கிறவன் இன்னொருவன். எனக்கு இது மட்டும் ஒப்பவே ஒப்பாது.

பாராசூட் பாலா:
கல்வரி சார், மரியாதையோடு மறுக்கிறேன். நான் துபாயில் வேலை பார்ப்பவன், பல வருடமாகக் குதிப்பவன். கணுக்கால்தான் கணக்கு என்றால் கூடைப்பந்தை முதலில் நிறுத்த வேண்டும், அப்புறம் பனிச்சறுக்கு, அப்புறம் மோட்டார் சைக்கிள். படைவீரர்கள் பணிக்கு வெளியே விபத்தில் அதிகம் சாவது சாலையில். பைக்கை யாரும் தடை செய்யவில்லையே.

அமெரிக்கப் பாராசூட் சங்கத்தின் கணக்குப்படி 2023ல் அந்த நாட்டில் சுமார் 36.5 லட்சம் குதிப்புகள், 10 மரணங்கள். அந்தப் பத்துக் குடும்பத்துக்கும் அது முழு இழப்பு, அதைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் சித்தி மனதில் இருக்கும் படம் வேறு, நடப்பது வேறு. 13,000, 14,000 அடியில் கதவு திறக்கும். ஒரு நிமிடம் போல மணிக்கு 190, 200 கிலோமீட்டர் வேகத்தில் விழுவோம். முதுகில் இரண்டு பாராசூட். இரண்டாவதை உரிமம் பெற்ற ரிக்கர் 180 நாளுக்கு ஒருமுறை பிரித்துப் பார்த்து மடித்து முத்திரை வைப்பார். நாம் மயங்கியே விழுந்தாலும், சுமார் 750 அடியில் இன்னும் அதே வேகத்தில் இறங்கிக்கொண்டிருந்தால் ஒரு சின்னக் கருவி இரண்டாவது பாராசூட்டை மூடிக் கட்டியிருக்கும் கண்ணியை வெட்டித் திறந்துவிடும். ஜெர்மனியில் செய்த சைப்ரஸ் என்ற கருவி 1991ல் வந்தபிறகு பாராசூட்டையே இழுக்காமல் சாவது வெகுவாகக் குறைந்துவிட்டது.

விமானம் ஏறுமுன் மார்பு வார், கால் வார், தோளில் மூன்று வளையம், இரண்டு கைப்பிடி, ஊசி என்று தொட்டுத் தொட்டுப் பார்ப்போம். மேலே போனதும் மறுபடி. சொல்லப்போனால் இந்தப் புத்தி நீர்மூழ்கிக்காரர்களுக்கு ஏற்கெனவே ரத்தத்தில் இருக்கிறது. 1963ல் திரெஷர் என்ற நீர்மூழ்கி 129 பேரோடு மூழ்கியபிறகு அமெரிக்கர்கள் சப்சேஃப் என்ற திட்டம் கொண்டுவந்து, ஒவ்வொரு குழாய் இணைப்புக்கும் வால்வுக்கும் சான்று வைத்தார்கள். அந்தச் சான்று பெற்ற கப்பல் ஒன்றுகூட இதுவரை கடலில் தொலையவில்லை. அந்த வளர்ப்பில் வந்த பையன் கண்ணை மூடிக்கொண்டு குதிப்பான் என்று ஏன் நினைக்க வேண்டும்?

பழைய கல்வரி:
பாலா தம்பி, சப்சேஃபை இழுத்ததால் சொல்கிறேன். அதன் உயிரே ஒருவன் செய்ததை இன்னொருவன் பார்ப்பதில் இருக்கிறது. கட்டுப்பாட்டு அறையில் நான் தவறான வால்வில் கை வைத்தால் பக்கத்தில் இருப்பவன் கையைப் பிடிப்பான். 3,000 அடியில் கையைப் பிடிக்க யார் இருக்கிறார்கள்?

பாராசூட் பாலா:
யாரும் இல்லை சார். அதனால்தான் இவர்கள் அங்கே போகிறார்கள் என்று நினைக்கிறேன். ரோந்தில் மாதக்கணக்கில் அடுத்தவன் மூச்சுப் படும் தூரத்தில், தூங்கும் நேரம்கூட அடுத்தவன் போட்ட அட்டவணைப்படி. இங்கே அந்த ஒரு நிமிடத்தில் முடிவு முழுக்க அவனுடையது. அதை அவனிடமிருந்து பிடுங்க வேண்டாம் என்கிறேன்.

கேள்வி கணேசன்:
உடம்பு விஷயம் யாரும் பேசவில்லையே? ஆழத்தில் மாதக்கணக்கில் இருந்துவிட்டு 14,000 அடிக்கு ஏறினால் ரத்தத்தில் நைட்ரஜன் குமிழ் வராதா? முக்குளிப்பவர்களுக்கு வரும் என்கிறார்களே.

பழைய கல்வரி:
வராது. முக்குளிப்பவன் உடம்பின்மேல் தண்ணீரின் அழுத்தம் நேராக ஏறுகிறது. நீர்மூழ்கியில் அந்த அழுத்தத்தை எஃகு உடல் வாங்கிக்கொள்ளும். உள்ளே காற்று கிட்டத்தட்டத் தரையில் இருக்கும் அதே ஒரு வளிமண்டல அழுத்தம்தான். கார்பன் டை ஆக்சைடு வெளியைவிடப் பல மடங்கு கூடுதலாக இருக்கும், அதில் சிலருக்குத் தலைவலி வரும். குமிழ் வராது. மூழ்கிய கப்பலிலிருந்து தப்பிக்கும் பயிற்சியைக் கோபுரம் போன்ற தண்ணீர்த் தொட்டியில் எடுத்த நாளில் விமானம் ஏறக் கூடாது என்பது வேறு கதை.

கேள்வி கணேசன்:
சரி. அப்படியானால் ஹவாயில் இருக்கும் நீர்மூழ்கி மாலுமிகளை எண்ணிப் பாருங்கள். காலையில் ஸ்கூபா, சாயங்காலம் ஸ்கைடைவிங் என்று போவது அங்கே சுலபம். ஒரே ஒரு முக்குளிப்புக்குப் பிறகுகூட 12 மணி நேரம் பறக்க வேண்டாம் என்பது பொது வழிகாட்டல். அதுவும் அழுத்தம் சீராக்கிய பயணிகள் விமானத்துக்கு. கதவு திறந்த விமானத்தில் 14,000 அடிக்கு இன்னும் கூடுதல் நேரம் வேண்டும்.

அதே ஹவாயில் இன்னொன்று. பேர்ல் ஹார்பர் மாலுமிகள் குதிக்கப் போகும் டில்லிங்ஹாம் திடலில் 2019 ஜூன் 21 அன்று ஸ்கைடைவர்களை ஏற்றிய விமானம் கிளம்பியதுமே விழுந்து 11 பேரும் இறந்தார்கள். விமானி வேண்டாத வேகத்தில் திருப்பியது காரணம் என்று விசாரணை சொன்னது. அதற்கு மூன்று வருடம் முன்பு வேறொரு விபத்தில் அதே விமானத்தின் இறக்கை முறுக்கிக்கொண்டிருந்தது, அது முழுதாகச் சரியாகவில்லை. பாலா சொன்ன சைப்ரஸ் அங்கே என்ன செய்யும்?

பாராசூட் பாலா:
ஒன்றும் செய்யாது. குதிப்பவர்கள் எல்லாரையும் உலுக்கிய விபத்து அது. அதற்குப் பிறகு ஒரு திடலுக்குப் போனால் பாராசூட்டைப் பார்ப்பதற்கு முன் விமானத்தையும், அதை யார் ஓட்டுகிறார், யார் பராமரிக்கிறார் என்பதையும் விசாரிக்கிறேன். கடற்படை இதில் தலையிட வேண்டும் என்றால் இங்கே தலையிடட்டும். எந்தத் திடலுக்குப் போகலாம், எங்கே கூடாது என்று பட்டியல் போடட்டும். நான் முழு மனதோடு ஆதரிப்பேன்.

எலும்பு வார்டு:
நான் எலும்பு முறிவு சிகிச்சைப் பிரிவில் செவிலியர். பாராசூட்டில் வந்து காலை உடைத்தவர்களைப் பராமரித்திருக்கிறேன். பாராசூட் திறக்காமல் அடிபட்டவர்கள் இல்லை அவர்கள். நன்றாகத் திறந்த பாராசூட்டில் கடைசிச் சில அடிகளில் அடிபட்டவர்கள். தரை நெருங்கும்போது இரண்டு கைப்பிடியையும் ஒருசேர இழுத்து வேகத்தைக் கொல்ல வேண்டும், ஃப்ளேர் என்பார்கள். சீக்கிரம் இழுத்தால் பாராசூட் தொய்ந்து ஆளைக் கீழே போடும். தாமதித்தால் வந்த வேகத்திலேயே இடி. கணுக்கால், முழங்காலுக்குக் கீழே எலும்பு, சில சமயம் முதுகெலும்பு.

அந்தக் கடைசி அடிகளைக் கண்தான் அளக்கிறது. எட்டத்தில் எதையும் பார்க்காமல் இரண்டரை மாதம் இருந்த கண். இதற்காகவே கிராட்டனில் உள்ள நீர்மூழ்கி மருத்துவ ஆய்வகம் மாலுமிகளின் பார்வையை ஆராய்ந்திருக்கிறது. வெயில் படாததால் வைட்டமின் டி குறைவதும் தெரிந்த விஷயம். எனக்குத் தடை வேண்டாம், ஆனால் கப்பலை விட்டு இறங்கிய வாரமே குதிக்கக் கூடாது.

இன்னொரு பயம், வலியை மறைத்துக்கொண்டு ரோந்துக்கு ஏறுவது. அமெரிக்க நீர்மூழ்கியில் மருத்துவர் கிடையாது, தனியாகப் பொறுப்பேற்கும் மருத்துவ உதவியாளர் ஒருவர் மட்டும். 1942ல் சீட்ராகன் நீர்மூழ்கியில் ஒரு மாலுமிக்குக் குடல்வால் வீங்கியபோது, அப்படிப்பட்ட உதவியாளர்தான் சமையலறைக் கரண்டியை வளைத்து வயிற்றை விலக்கிப் பிடித்து அறுவை சிகிச்சை செய்தார். இன்றைக்கும் ஏவுகணைக் கப்பல் ஒருவனைக் கரைக்கு அனுப்ப மேலே வந்தால் ஒளிந்திருக்கும் வேலையே கெடும்.

ஃபாஸ்லேன் தமிழன்:
ஸ்காட்லாந்திலிருந்து எழுதுகிறேன், பிரிட்டிஷ் நீர்மூழ்கித் தளத்துக்குப் பக்கத்து ஊர். குதிப்பதும் நீர்மூழ்கியும் ஒட்டாது என்று பேசுகிறீர்கள், இங்கே அது உத்தியோகமாகவே இருக்கிறது. பிரிட்டிஷ் கடற்படையில் நீர்மூழ்கிப் பாராசூட் உதவிக் குழு என்று ஒன்று உண்டு. எங்காவது நீர்மூழ்கி சிக்கிக்கொண்டால், மீட்புக் கப்பல் போய்ச் சேரும்வரை காத்திருக்காமல் இவர்கள் விமானத்திலிருந்து கடலில் குதிப்பார்கள். கூடவே மிதவைப் படகு, மருந்து, உணவு எல்லாம் விழும். மேலே வந்து மிதப்பவர்களை உயிரோடு வைத்திருப்பது அவர்கள் வேலை. 2017 நவம்பரில் அர்ஜென்டினாவின் சான் ஹுவான் 44 பேரோடு காணாமல் போனபோது அந்தக் குழு தென் அட்லாண்டிக்குக்குப் போனது. பிரயோசனம் இல்லாமல் போயிற்று. ஓராண்டு கழித்து 900 மீட்டருக்கும் கூடுதலான ஆழத்தில் கப்பலைக் கண்டுபிடித்தார்கள். இருந்தாலும் அந்த மனிதர்கள் போனார்களே.

பழைய கல்வரி:
அந்தக் குழுவுக்கு நான் தலை வணங்குகிறேன். நீர்மூழ்கியில் இருந்த எவனுக்கும் அது எப்படிப்பட்ட ஆறுதல் என்று தெரியும். ஆனால் அது கட்டளையின்பேரில் குதிப்பது. அடிபட்டால் மாற்று ஆள் யார் என்று முன்கூட்டியே எழுதி வைத்திருப்பார்கள். ஷெல்டனில் சனிக்கிழமை குதிப்பவனுக்கு மாற்று யார் என்று எங்கேயும் எழுதியிருக்காது.

சியாட்டில் சித்தி:
இதையெல்லாம் படித்துவிட்டு அவனிடமே கேட்டேன். அவன் சொன்னது: ஆரம்பநிலையான ஏ உரிமத்துக்கு 25 குதிப்பு வேண்டும், அது இருக்கிறது. ஆனால் ஏ உரிமக்காரர் 60 நாள் குதிக்காமல் இருந்துவிட்டால் அடுத்த குதிப்பைப் பயிற்றுநரோடு செய்து, பழையபடி தேறினால்தான் தனியாக விடுவார்களாம். ஒவ்வொரு ரோந்துக்குப் பிறகும் அப்படித்தான் செய்கிறானாம்.

பழைய கல்வரி:
பார்த்தீர்களா? ரோந்து 77 நாள், கெடு 60 நாள். அப்படியானால் இந்தப் பையன் வருடாவருடம் கைப்பழக்கம் விட்டுப்போன நிலையிலிருந்துதான் தொடங்குகிறான். பாலா போல வாரம்தோறும் குதிப்பவனின் கணக்கை இவனுக்குப் போடக் கூடாது.

பாராசூட் பாலா:
அதே விஷயத்தை நான் வேறு மாதிரி பார்க்கிறேன் சார். எங்கள் திடலில் எனக்குப் பயம் தருபவர்கள், தொடர்ந்து குதித்து மெத்தனம் வந்தவர்கள்தான். நல்ல பாராசூட்டைத் தாழ்வாகத் திருப்பி அடிபடுபவர்களில் அனுபவசாலிகள் நிறைய. இவன் வருடாவருடம் பயிற்றுநர் முன்னால் நின்று, உயரமானியைப் பார், கையை அசை, சிக்கிய பாராசூட்டைப் பிரித்துவிடும் கைப்பிடியைத் தொடு என்று அடிப்படையிலிருந்து வருகிறான். எலும்பு வார்டு அக்கா சொன்ன முதல் வார விலக்கும் அதோடு சேரட்டும்.

எலும்பு வார்டு:
ரோந்து முடிந்து வந்த முதல் வாரம் சரி, அடுத்த ரோந்துக்கு முந்தைய வாரங்கள்? கணுக்கால் உடைந்து பிளேட் வைத்தால் ஏணி ஏறி இறங்கும் நிலைக்கு வர மூன்று மாதமாவது பிடிக்கும். ரோந்துக்கு இரண்டு மாதம் இருக்கும்போது குதிப்பவன், கல்வரி ஐயா சொன்ன அந்த இரண்டு பேரின் தூக்கத்தை வைத்துத்தான் குதிக்கிறான்.

பாராசூட் பாலா:
இரண்டு குழு முறையில் கரையில் இருப்பதே மூன்று மாதம் சொச்சம். பின்னால் மூன்று மாதத்தை வெட்டினால் மிச்சமே இல்லை அக்கா. அது வேறு பெயரில் தடை. கடைசி ஆறு வாரம் குதிக்க வேண்டாம் என்றால், அதையும் அவனும் அவன் பிரிவுத் தலைவரும் பேசி வைத்துக்கொள்வதாக இருந்தால் ஒத்துக்கொள்வேன். எல்லாருக்கும் ஒரே விதி என்று எழுதாதீர்கள்.

பழைய கல்வரி:
எழுதாவிட்டால் நடக்காது தம்பி. இருபத்திரண்டு வயதில், வெயில் நன்றாக இருக்கும் சனிக்கிழமையில், நண்பர்கள் காரைக் கிளப்பி நிற்கும்போது, ஆறு வாரக் கணக்கை யாரும் எண்ண மாட்டார்கள். சித்தி, அவன் பிரிவுத் தலைவருக்கு அவன் குதிப்பது தெரியுமா? முதலில் அதைக் கேட்டுச் சொல்லுங்கள்.