உதவி: ஐஎல்ஐ9341 திரையில் நிறம் மாறி வருகிறது, மோட்டர் போட்டால் முழுத் திரையும் வெள்ளை

விசுவமடு தோட்டம்:
வணக்கம். தோட்டக் கிணற்று மோட்டருக்கு ஒரு கட்டுப்பாட்டுப் பெட்டி செய்கிறேன். கிணற்றின் நீர்மட்டம், கரன்டின் வோல்ட், மோட்டர் ஓடிய நேரம் ஆகியவற்றை 2.8 அங்குலத் திரையில் காட்ட வேண்டும். ஈஎஸ்பி32 என்ற சின்னக் கணினி போட், ஐஎல்ஐ9341 கொன்ட்ரோலர் சிப் உள்ள திரைப் பனல், இடையில் எஸ்பிஐ என்ற தொடர் தரவு இணைப்பு. திரையை இயக்கும் நிரலான டிரைவரை சி மொழியில் நானே எழுதுகிறேன். கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ அடுத்த முறை இதே பனல் கிடைக்கும் என்று நம்ப முடியாது. வேறு பனல் வந்தால் ஒரு கோப்பை மட்டும் மாற்றினால் போதும் என்ற மாதிரி இருக்க வேண்டும்.

இப்போது இரண்டு சிக்கல். சிவப்பு நிரப்பச் சொன்னால் நீலம் வருகிறது, பச்சை சொன்னால் சிவப்பு, நீலம் சொன்னால் பச்சை. வெள்ளையும் கறுப்பும் சரி. அடுத்தது, மோட்டருக்கு மின் கொடுக்கும் சுவிட்சான கொன்டாக்டர் இழுக்கும்போது சில வேளை திரை முழுவதும் வெள்ளையாகிவிடுகிறது. ஈஎஸ்பி32 நிற்கவில்லை, கணினிக்குப் போகும் சீரியல் இணைப்பில் கணக்கு ஒழுங்காக வந்துகொண்டிருக்கிறது. சிறுபோகக் கச்சானுக்கு இறைப்புத் தொடங்கமுன் பெட்டியைப் பூட்ட வேண்டும். தெரிந்தவர்கள் உதவுங்கள்.

மாங்குளத்தான்:
சிவப்பும் நீலமும் மாறுவது இந்தப் பனல்களில் வழமை. பனலின் ஹெக்ஸ் (பதினாறடிமான எண்) 36 கட்டளைக்கு அனுப்பும் மதிப்பில் 08 என்ற பிட் இருக்கிறது, அதுதான் நிற வரிசை ஆர்ஜிபியா (சிவப்பு, பச்சை, நீலம்) பிஜிஆரா (நீலம், பச்சை, சிவப்பு) என்று சொல்வது. அதை மாற்றிப் பாருங்கோ.

விசுவமடு தோட்டம்:
மாற்றினேன் அண்ணை. சிவப்பு கிட்டத்தட்டச் சரி, கொஞ்சம் செம்மஞ்சள் சாயல் அடிக்கிறது. ஆனால் பச்சை இப்போது நீலமாகவும், நீலம் பச்சையாகவும் வருகிறது.

குளக்கட்டு:
தம்பி, அந்த பிட்டைத் திரும்பப் பழையபடி வையுங்கள். அது மட்டும் பிழையாக இருந்தால் பச்சை அசையாது, சிவப்பும் நீலமும்தான் இடம் மாறும். உங்களுக்குப் பச்சையும் மாறுகிறது. அதனால் இது பைட் (8 பிட் துண்டு) வரிசைச் சிக்கல்.

ஒரு புள்ளிக்கு 16 பிட்: சிவப்புக்கு 5, பச்சைக்கு 6, நீலத்துக்கு 5. ஐஎல்ஐ9341 மேல் பைட்டை முதலில் எதிர்பார்க்கிறது. ஈஎஸ்பி32 நினைவகத்தில் கீழ் பைட்டை முதலில் வைக்கிறது. படத்தை வைத்திருக்கும் நினைவகமான பஃபரை அப்படியே அனுப்பினால் எஃப்800 என்ற சிவப்பு 00எஃப்8 ஆகப் போய்ச் சேரும். அதைப் பிரித்துப் பாருங்கள்: சிவப்பு 0, பச்சை 7, நீலம் 24. கண்ணுக்கு நீலம். பச்சையான 07இ0 போகும்போது இ007 ஆகிறது, அதில் சிவப்பு 28. நீலமான 001எஃப், 1எஃப்00 ஆகிறது, அதில் பச்சை 56. வெள்ளையிலும் கறுப்பிலும் இரண்டு பைட்டும் ஒன்றே என்பதால் அவை தப்பிவிடும். பிஜிஆர் பிட்டைத் திருப்பியபோது அந்த நீலம் 24 சிவப்பாகத் தெரிந்தது, கூடவே இருந்த பச்சை 7தான் உங்களுக்குச் செம்மஞ்சளாக அடித்தது.

ஒவ்வொரு புள்ளியையும் அனுப்பும் நேரத்தில் திருப்ப வேண்டாம். ஒரு திரைக்கு 240 பெருக்கல் 320 புள்ளிகள், 153600 பைட். பஃபரில் எழுதும்போதே திருப்பிய மதிப்பை எழுதுங்கள். நிற மாறிலிகளைத் தொடக்கத்திலேயே திருப்பி வைத்தால் ஓடும்போது செலவே இல்லை. எந்த வரிசை வேண்டும் என்பதை அந்தப் பனலின் கோப்பில் குறித்து வையுங்கள்.

விசுவமடு தோட்டம்:
நிறம் மூன்றும் சரியாகிவிட்டது, மிக்க நன்றி. வெள்ளைத் திரைதான் இன்னும் விடவில்லை. ரீசெட் வயர் பெட்டிக்குள் கொன்டாக்டரைத் தாண்டித்தான் போகிறது.

நெடுங்கேணி வயர்மன்:
முதல் வேலை அந்த வயரைத் தள்ளி எடுப்பது. 230 வோல்ட் கம்பியோடு சேர்த்துக் கட்டவே கூடாது. கொன்டாக்டர் கொயிலுக்குக் குறுக்கே 100 ஓம் ரெசிஸ்டரும் 0.1 மைக்ரோஃபரட் கெப்பாசிட்டரும் தொடராகப் போடுங்கள். கெப்பாசிட்டர் கட்டாயம் மெயின் மின்னுக்குக் குறுக்கே போடத் தகுந்த எக்ஸ்2 வகையாக இருக்க வேண்டும், சாதாரணமானதைப் போட்டால் ஒரு நாள் எரியும். அந்த கொயிலை இழுக்கும் சின்ன ரிலேயின் டிசி கொயிலுக்கு ஒரு 1என்4007 டயோட். பனலின் ரீசெட் பின்னில் 3.3 வோல்ட்டுக்கு 10 கிலோஓம், அதன் மின்வழங்கல் பின்னுக்குப் பக்கத்தில் 10 மைக்ரோஃபரட்டும் 0.1 மைக்ரோஃபரட்டும். மெயினை நிறுத்திவிட்டுத்தான் கை வையுங்கோ.

குளக்கட்டு:
வயர்மன் சொன்னது முழுவதும் செய்ய வேண்டியது. அதன் பிறகும் டிரைவர் தன் பங்கைச் செய்ய வேண்டும். நடப்பது இதுதான்: மின்னிரைச்சலில் பனலின் கொன்ட்ரோலர் மட்டும் ரீசெட் ஆகித் தூக்க நிலைக்குப் போகிறது. பின்வெளிச்சம் தனி வயரில் எரிவதால் வெள்ளையாகத் தெரிகிறது. உங்கள் நிரலுக்கு அது தெரியாது, தூங்கும் பனலுக்குப் படம் அனுப்பிக்கொண்டே இருக்கும்.

ஹெக்ஸ் 0ஏ கட்டளையால் பனலின் நிலையை வாசிக்கலாம். விழித்திருந்து படம் காட்டும் பனல் 9சி தரும். ரீசெட் ஆன பனல் 08 தரும். செக்கனுக்கு ஒருமுறை வாசியுங்கள். 9சி இல்லையென்றால் ரீசெட், 120 மில்லிசெக்கன், 11 கட்டளை (தூக்கத்திலிருந்து எழுப்ப), மறுபடி 120 மில்லிசெக்கன், மற்ற அமைப்புகள், 29 கட்டளை (திரையைப் போட), பிறகு முழுப் படம். இதற்கு பனல் தரவைத் திருப்பி அனுப்பும் எஸ்டிஓ பின் ஈஎஸ்பி32க்கு வர வேண்டும். வாசிப்பு எழுதுவதைவிட மெதுவாக நடக்க வேண்டும்: டேட்டாஷீட்படி ஒரு கடிகாரச் சுற்றுக்கு எழுத 100 நானோசெக்கன், வாசிக்க 150. நீங்கள் எழுதுவதை 40 மெகாஹெர்ட்ஸில் ஓட்டினாலும் வாசிப்பை 5இல் வையுங்கள்.

அப்புறம் டிஎம்ஏ (ப்ரொசெசர் காத்திராமல் பின்னணியில் தரவு அனுப்பும் முறை) பாவிக்கிறீர்கள் என்றால், முந்திய அனுப்பல் முடியமுன் டி/சி பின்னை (போவது தரவா கட்டளையா என்று காட்டுவது) தொட வேண்டாம். முடிந்ததா என்று கேட்டுவிட்டு மாற்றுங்கள்.

விசுவமடு தோட்டம்:
ரீசெட் வயரைத் தள்ளி எடுத்து 10 கிலோஓம் போட்டதும் வெள்ளையாவது நன்றாகக் குறைந்துவிட்டது. மோட்டரைப் போட்டு நிறுத்திப் பார்த்தபோது ஒரு தடவை 08 வந்தது, திரை உடனே தானாகத் திரும்பிவிட்டது. எக்ஸ்2 கெப்பாசிட்டர் வவுனியாவில் சொல்லி வைத்திருக்கிறேன். அடுத்த பெட்டிக்கு எஸ்டி7789 கொன்ட்ரோலர் உள்ள பனல் எடுக்கலாமா அண்ணை?

குளக்கட்டு:
எடுக்கலாம். கட்டளைகள் பெரும்பாலும் இதே எண்கள்தான், 0ஏ அதிலும் உண்டு. ஐபிஎஸ் வகை என்றால் நிறங்கள் தலைகீழாக, கறுப்பு வெள்ளையாகத் தெரியலாம். அப்போது ஹெக்ஸ் 21 அனுப்புங்கள். ஆனால் வாங்கமுன் பின் வரிசையைப் பாருங்கள். சின்ன எஸ்டி7789 மொடியூல்கள் பலவற்றில் எஸ்டிஓவை வெளியே எடுப்பதில்லை. அப்படியானதில் தரவு அனுப்பும் அதே எஸ்டிஏ வயரிலேயே நிலையை வாசிக்க வேண்டும், அது சரிவராவிட்டால் மோட்டர் ஒவ்வொரு முறை மாறும்போதும் பனலை முதலிலிருந்து தொடக்க வேண்டி வரும்.