பழைய வோல்பேப்பர் சுவரைப் பூச வெளிக்கிட்ட ஆக்கள், உங்கட அனுபவத்தைச் சொல்லுங்கோ

வட்டுக்கோட்டைப் பிள்ளை:

அம்மம்மான்ர வீடு, நாற்சார் வீடு, ஹோல் சுவர் முழுக்க சுண்ணாம்புச் சாந்து, அதுக்கு மேல தலைமுறை தலைமுறையா அடிச்ச வெள்ளை, அதுக்கும் மேல மாமா ஆக்கள் கனடாவில இருந்து வந்து நிக்கேக்க ஆசைக்கு ஒட்டின வோல்பேப்பர். தங்கச்சின்ர கலியாணம் வருது எண்டு சுவரைப் பூச ஆளைப் பிடிச்சம். நான் அவரிட்டத் திருப்பித் திருப்பிக் கேட்டனான், கடதாசிய உரிச்சுப்போட்டுப் பூசினா நல்லமல்லோ எண்டு. "பிள்ளை, அது இறுக்கமா ஒட்டிக் கிடக்கு, மேல கொத்திவிட்டுப் பூசினா சீமெந்து பிடிக்கும்" எண்டு சொல்லி அப்பிடியே பூசிப்போட்டார். பூசினாப் பிறகு பாக்க வடிவாத்தான் இருந்தது.

பிறகு ஒருநாள் இரவு பெரிய சத்தம். ஓடிப் போய்ப் பாத்தா படம் மாட்டுற பக்கத்துப் பூச்சு ஒரே பலகையா நிலத்தில கிடக்கு. நல்ல காலம் அம்மம்மா அந்தப் பக்கம் படுக்கேல்லை. விழுந்த துண்டைத் திருப்பிப் பாத்தன் பாருங்கோ, அதுதான் இப்பவும் கண்ணுக்குள்ள நிக்குது. பின்பக்கம் முழுக்கக் கடதாசி, கொத்தின இடம் தவிர ஒரு கிழிசல் இல்லை, அந்தக் கடதாசின்ர முதுகில வெள்ளைச் சுண்ணாம்புத் தூள் மாவு மாவா ஒட்டி இருக்கு. சீமெந்து கடதாசியத்தான் பிடிச்சிருக்கு, கடதாசி அந்தத் தூளைப் பிடிச்சிருக்கு, தூள் சுவரைப் பிடிக்கவே இல்லை. பூச்சில ஒரு பிழையும் இல்லை, அவ்வளவு பாரமும் தொங்கினது ஆரோ எப்பவோ அடிச்ச வெள்ளையில. இதுமாதிரி வேற ஆருக்கும் நடந்ததோ?

கோண்டாவில் மேசன்:

தங்கச்சி, நடக்கும், நடந்துகொண்டுதான் இருக்கு. எனக்கு ஒரு வீடு மறக்காது. கொக்குவில் பக்கம், அது பழைய வீடு இல்லை, சீமெந்துக் கல்லுச் சுவர். நான் போகேக்க வீட்டுக்காரரே பேப்பர் எல்லாம் உரிச்சு, கூட்டித் துடைச்சு, சுவர் பளிச்செண்டு இருக்கு. நாளைக்கே பூசுங்கோ எண்டார். நான் எப்பவும் செய்யிறது போல ஒரு பேணி தண்ணி எடுத்து எத்தித் தடவிப் பாத்தன். கை வழுக்கிக்கொண்டு போகுது, வெண்டிக்காய் வெட்டின கை மாதிரி. முழுக்கப் பசை. கடதாசி போட்டுது, பசை போகேல்லை. கழுவித் தந்தால்தான் பூசுவன் எண்டன், அவருக்குக் கோவம் வந்திட்டுது, வேற ஆளைப் பிடிச்சுப் பூசுவிச்சார். பேந்து அந்த றோட்டால போகேக்க யன்னலுக்குள்ளால தெரிஞ்சுது, சுவர் அங்கங்க பொருமி நிக்குது. அவரைக் குறை சொல்லேல்லை, அவர் மினக்கெட்டு உரிச்சவர். கண்ணுக்குத் தெரியாத பசைதான் ஆளைக் கவிழ்க்கிறது.

அதால சொல்லுறன், செய்யிற ஆக்கள் கேளுங்கோ. வினைல் பேப்பர் எண்டா மேல இருக்கிற பிளாஸ்ரிக் தோல் ஒரு மூலையில பிடிச்சு இழுக்க வரும், அடியில ஒரு மெல்லிய கடதாசி சுவரிலயே நிண்டிடும், அதைத்தான் கனபேர் சுவர் எண்டு நினைச்சு விட்டிடுறவை. தோல் வராத இடத்தில கத்தியால கீறிவிட வேணும், கீறாட்டித் தண்ணி உள்ள போகாது. இளஞ்சூட்டுத் தண்ணிக்குள்ள பாத்திரம் கழுவுற திரவம் கொஞ்சம் விட்டு, தெளிச்சு, ஒரு கால் மணித்தியாலம் ஊறவிட்டு, காய முதல் இன்னொருக்காத் தெளிச்சு, அகலச் சுரண்டியச் சுவரோட சாய்ச்சுப் பிடிச்சுத் தள்ளுங்கோ. குத்திப் பிடிச்சா சுவர்தான் பெயர்ந்துவரும். எல்லாம் வந்தாப் பிறகு ஸ்பொஞ்சால கழுவுறது, தண்ணிய அடிக்கடி மாத்திறது, மாத்தாட்டி பசையத் திரும்பிச் சுவரிலதான் பூசிறியள். மா கலந்த பசையோ எண்டு சந்தேகமெண்டா பாமசியில விக்கிற அயடினைத் தண்ணியில கலந்து ஒரு சொட்டுப் பூசிப் பாருங்கோ, மா இருந்தா நீலக் கறுப்பா மாறும். வேற வகைப் பசையள் நிறம் மாறாது, அதுக்குக் கைதான் பரிசோதனை. பிறகு சுத்தியல் பிடியால சுவர் முழுக்கத் தட்டிக்கொண்டு போங்கோ, வெறுஞ்சத்தம் கேக்கிற இடத்தைக் கொட்டி எடுங்கோ, வெள்ளை தூளாக் கையில ஒட்டினா அதையும் சுரண்டுங்கோ. பிறகு நெருக்கமாக் கொத்தி, தூசி தட்டி, நனைச்சு, சீமெந்து ஒண்டுக்கு மணல் ரெண்டு எண்டு தண்ணியாக் கரைச்சு எறிஞ்சு சொரசொரப்பா விட்டு, அது இறுகினாப் பிறகு பூச்சு. பூசினாப் பிறகு ஒரு கிழமைக்காவது தண்ணி தெளியுங்கோ, அதில ஒருத்தரும் கள்ளம் செய்யாதேங்கோ.

காரைநகரான்:

மேசன் அண்ணை சொன்ன கழுவல் முழுக்கச் சரி, ஆனால் கடைசிப் பகுதி வட்டுக்கோட்டைப் பிள்ளைன்ர வீட்டுக்குச் சரிவராது. அது சுண்ணாம்புச் சுவர். கொத்தி சீமெந்து எறியச் சொல்லுறியள், அந்தச் சுவர் தாங்காது.

எங்கட வீட்டில நடந்ததைச் சொல்லுறன். கடற்கரைக்குக் கிட்ட, சுண்ணக்கல்லில கட்டின சுவர். அறையில வினைல் பேப்பர் ஒட்டி இருந்தது. ஒரு மார்கழி, மழை விட்ட பாடில்லை, அறைக்குள்ள போனாலே ஒரு மணம், மகளுக்கு இழுப்பு. மூலையில பேப்பர் கொஞ்சம் எழும்பி நிண்டது, பிடிச்சு இழுத்தன், முழுசா வந்துது. பின்னால முழங்காலளவுக்குச் சுவர் ஊறிப்போய்க் கறுப்பா இருக்கு, பூஞ்சணம், அதுக்கு மேல ஒரு கோடு போட்ட மாதிரி வெள்ளை உப்புப் பூத்திருக்கு. கை வைச்சா சாந்து மணல் மணலாக் கொட்டுண்டுது. அவ்வளவு காலமும் பூப்போட்ட பேப்பரைப் பாத்துக்கொண்டு நாங்கள் அதுக்குப் பக்கத்தில படுத்திருக்கிறம். அந்தக் கறுப்பைக் கண்ட உடன எனக்குப் பிள்ளையத் தூக்கிக்கொண்டு வெளியில போகத்தான் தோணினது.

அத்திவாரத்தால ஏறுற தண்ணி சுவரால மூச்சு விட்டுத்தான் வெளியில போகவேணும். பிளாஸ்ரிக் பேப்பர் அதை மறிச்சது. சீமெந்துப் பூச்சும் கனக்க மறிக்கும். சுவரோ மெதுவான சுவர், சீமெந்து வயிரம், உள்ளுக்குள்ள நிக்கிற தண்ணி காயேக்க உப்பு பூச்சுக்குப் பின்னால படிகமாகிப் பெருத்துத் தள்ளும், அப்ப பூச்சு மட்டும் விழாது, கல்லின்ர முகத்தையும் பிடுங்கிக்கொண்டுதான் விழும். எங்கட ஆக்கள் சுண்ணாம்பால பூசினது வேற ஒண்டும் கிடைக்காமல் இல்லை, இந்த மண்ணுக்கு அது பொருந்தினது. இன்னொண்டு, உப்பைக் கண்டா தண்ணி ஊத்திக் கழுவாதேங்கோ, கரைஞ்சு திரும்ப உள்ள போகும். காயவிட்டு, காய்ஞ்ச தும்புத் தூரிகையால தட்டி, கீழ விழுற தூளை அள்ளி வெளியில கொட்டுங்கோ. மாரி முடிய முதல் பூசவே வேண்டாம். ஐப்பசி தொடங்கி மார்கழி மட்டும் இஞ்ச சுவர் காயாது, வெய்யில் பிடிச்சாப் பிறகு யன்னல் கதவு எல்லாம் திறந்துவிட்டுக் காயவையுங்கோ. சுண்ணாம்புச் சாந்து காத்தில இருக்கிற கரியமிலவாயுவ எடுத்துத்தான் இறுகிறது, அதால மெல்லிசா ஒரு பூச்சுப் பூசி, நாள்க்கணக்கா விட்டு அடுத்தது, அவசரப்பட்டா வெடிக்கும்.

கோண்டாவில் மேசன்:

தம்பி சொல்லுறது சுண்ணக்கல்லுச் சுவருக்குச் சரி, நான் சொன்னது கொக்குவில் வீடு மாதிரிச் சீமெந்துக் கல்லுச் சுவருக்கு. ஆனால் நீற்றின சுண்ணாம்பைப் பதமாக் கலக்கத் தெரிஞ்ச கையள் எத்தினை மிச்சம்? என்ர அப்பாவோட நிண்ட ஆக்களுக்குத் தெரியும், இப்பத்தைப் பொடியளுக்கு நாங்கள் சொல்லிக் குடுக்கேல்லை, அது எங்கட தொழிலுக்குப் பெரிய நட்டம். வீட்டுக்காரர் சுண்ணாம்புதான் வேணும் எண்டு கேட்டாத்தான் அது திரும்பி வரும்.

பருத்தித்துறை, இப்ப ஹரோ:

நான் லண்டன் கதை சொல்லுறன், இஞ்ச பழைய வீடுகள் வாங்கினா முதல் சண்டையே வோல்பேப்பரோடதான். எங்கட வீடு 1930கள் காலத்து வீடு. வுட்சிப் எண்டு மரத்தூள் வைச்ச ஒரு பேப்பர், அதுக்கு மேல பெயின்ற், பெயின்றுக்கு மேல திரும்பப் பெயின்ற், தண்ணி உள்ள இறங்காது, கீறிக் கீறி, நீராவி அடிக்கிற ஸ்ரீமர் வைச்சுத்தான் எடுக்கலாம். ஸ்ரீமரை ஒரே இடத்தில கூட நேரம் பிடிச்சா அடியில இருக்கிற பழைய பூச்சே சூட்டுக்குக் கழண்டிடும், கவனம்.

ஆனா எனக்கு மனதில நிக்கிறது சுவர் இல்லை, சீலிங். மேல வளையம் வளையமா ஆர்டெக்ஸ் எண்டுற அலங்காரப் பூச்சுக் கோலம். உதவிக்கு வந்த எங்கட சொந்தக்கார அண்ணா "இதையும் ஒரேயடியாச் சுரண்டிவிடுவம்" எண்டு சுரண்டியோட ஏணியில ஏறிட்டார், என்ர சின்னவன் கீழ நிண்டு மேல பாத்துக்கொண்டு நிக்கிறான். நான் கத்தினன், இறங்குங்கோ அண்ணா எண்டு. ஏனெண்டா இஞ்ச 80களின்ர நடுப்பகுதி மட்டும் அந்தப் பூச்சில வெள்ளை அஸ்பெஸ்டஸ் கலந்தவை, பிரித்தானியாவில முழுசாத் தடை வந்ததே 1999ல. காய வைச்சுச் சுரண்டினா தூள் சுவாசத்துக்குள்ள போகும். சாம்பிளை லாப்புக்கு அனுப்பினம், இருக்கு எண்டு வந்துது. சுரண்டாமல் அதுக்குக் கீழ புதுப் பலகை அடிச்சு மூடுவிச்சம். அண்ணா கோவிச்சுக்கொண்டு போனவர் கனகாலம் கதைக்கேல்லை. எனக்கு அதில ஒரு வருத்தமும் இல்லை, பிள்ளையின்ர முகம்தான் எனக்குப் பெரிசு. யாழ்ப்பாணத்தில கூரைக்கு அஸ்பெஸ்டஸ் சீற் போட்ட வீடுகள் நிறைய, சுவர் வேலை செய்யேக்க அந்தச் சீற்றை வெட்டுறது, அராவுறது எல்லாம் விட்டிடுங்கோ.

பிவிஏ எண்டுற வெள்ளைப் பசை பற்றியும் சொல்லவேணும். இஞ்ச ஜிப்சம் பூச முதல் பிவிஏயைத் தண்ணியில கலந்து அடிப்பினம், ஒட்டுப்பதம் போக முதல் பூசுவினம். பழைய பசை கழுவாத சுவரில அதை அடிச்சா எல்லாம் சரியாகும் எண்டு வீடியோவில சொல்லுற ஆக்களை நம்பாதேங்கோ. அது பசைக்கு மேல பசை, ஈரம் பட்டா அதுவும் இளகும்.

மானிப்பாய்:

எல்லாரும் பசையையும் உப்பையும் பற்றிக் கதைக்கிறியள், எங்கட சுவரில இருந்தது வேற. 95ல சண்டையால இடம்பெயர்ந்து போய் 96ல திரும்பி வரேக்க முன் அறைச் சுவர் முழுக்கச் செல் சன்னம் பாய்ஞ்ச ஓட்டை. அப்ப சீமெந்து எங்க கிடைச்சது? அப்பா பழைய பேப்பரைச் சுருட்டி, கோதுமை மாப் பசை காய்ச்சி, ஓட்டைக்குள்ள அடைஞ்சு மேல தாள் ஒட்டினவர். யாழ்ப்பாணத்துக்கு வாற ஏ9 பாதை 2002ல திறந்தாப் பிறகு ஆரோ கொழும்பில இருந்து கொண்டுவந்த வோல்பேப்பரை அதுக்கு மேல ஒட்டினது. அப்பா போனாப் பிறகுதான் நாங்கள் பூச வெளிக்கிட்டது. உரிச்சா, ஓட்டை ஒவ்வொண்டுக்குள்ளயும் கறையான் மண். பேப்பர் மாவெல்லாம் தின்று, ஓட்டைக்கு ஓட்டை சுவருக்குள்ளால வழி போட்டு, கதவு நிலை மட்டும் போயிருக்கு. ஒரு ஓட்டைக்குள்ள மட்டும் கறையான் போகேல்லை, அதுக்குள்ள அப்பா சுருட்டி அடைஞ்ச பேப்பர் அப்பிடியே இருந்தது, விரல் அழுத்தின அடையாளம் பசையில காய்ஞ்சு தெரியுது. வேலைக்கு வந்த பொடியன் உளியைத் தூக்கிக்கொண்டு நிண்டவன், என்ர முகத்தைப் பாத்திட்டு இறக்கி வைச்சிட்டான்.

அதையும் எடுத்தம்தான், எடுக்காமல் பூச ஏலாது. உப்பிடி அடைஞ்ச ஓட்டை உள்ள வீடுகள் இஞ்ச கன இடத்தில இருக்கு, அதால சொல்லுறன். மேலால புட்டி போட்டு மூடாதேங்கோ, உள்ளுக்குள்ள இருக்கிற கடதாசி, மா, துணி எல்லாத்தையும் தோண்டி எடுத்து, கறையானுக்கு மருந்து அடிச்சு, கதவு நிலையையும் தட்டிப் பாத்து, ஓட்டைய நனைச்சு, ஆழமெண்டா ஒரேயடியா அடையாமல் ரெண்டு தரமா நிரப்பி இறுகவிட்டுத்தான் சுவரைப் பூசவேணும். சன்னம் உள்ளுக்குள்ளயே இரும்பாக் கிடந்தா அதையும் எடுங்கோ, துருப்பிடிச்சுப் பெருத்துப் பூச்சை வெடிக்க வைக்கும்.

சுன்னாகம் அக்கா:

ஆரும் கறன்டைப் பற்றிச் சொல்லேல்லை, எல்லாரும் தண்ணி தெளி, ஊறவை எண்டு எழுதிக்கொண்டு போறியள். என்ர தம்பி வோல்பேப்பர் ஊறவிட்டுச் சுரண்டிக்கொண்டு நிக்கேக்க சுவிச் பெட்டிக்குக் கிட்ட சுரண்டி பட்ட உடன தூக்கி எறிஞ்சது, ஏணியோட கதவில போய் அடிபட்டான், கை நடுங்கினது கனநேரம் நிக்கேல்லை. பழைய வீடு, வயர் சுவருக்குள்ளால போகுது, பேப்பர் ஒட்டேக்க ஒரு பழைய பிளக் பொயின்ரை அப்பிடியே மூடி ஒட்டியிருக்கினம், அதில கறன்ட் நிண்டிருக்கு. ட்ரிப் சுவிச் விழுந்தபடியா உயிர் தப்பினான், கன பழைய வீடுகளில அது இல்லவே இல்லை.

தண்ணி தொட முதல் மெயினை நிப்பாட்டுங்கோ. அந்த அறைச் சுவிச்சை மட்டும் நிப்பாட்டினா காணாது. வெளிச்சம் வேணுமெண்டா பகலில செய்யுங்கோ. பேப்பருக்கு மேலால கையால தடவிப் பாருங்கோ, சதுரமா ஏதும் தட்டுப்பட்டா அங்க கத்தி வைக்காதேங்கோ. சுவர் நல்லாக் காய்ஞ்சாப் பிறகு வயர்காரரைக் கூப்பிட்டுக் காட்டி, அவர் சரியெண்டு சொன்னாப் பிறகு மெயினைப் போடுங்கோ. வட்டுக்கோட்டைப் பிள்ளை, உங்கட அம்மம்மா வீட்டிலயும் பேப்பர் ஒட்டின மிச்சச் சுவரை உரிக்க வெளிக்கிடுறியள் எண்டா முதல் இதைப் பாருங்கோ, அந்தக் காலத்து வயரிங் எண்டா சுவர் வேலைக்கு முதல் அதை மாத்துறதுதான் புத்தி, பூசினாப் பிறகு திரும்பக் கொத்த வேண்டி வரும்.