கடை அடைத்த பிறகு காலேஜ்: இக்னோவில் படித்தவர்கள் உங்கள் கதையைச் சொல்லுங்கள்

ஈரோட்டுக் கணக்கன்

எனக்கு 41 வயது. ஜவுளிக்கடையில் கணக்கு எழுதுகிறேன். எழுதுகிறேன் என்பது பேச்சுக்குத்தான், கம்ப்யூட்டரில் டேலியில் தட்டுகிறேன். வீட்டு நிலைமையால் கல்லூரிப் படிப்பு இரண்டாம் ஆண்டோடு நின்றுபோனது. இந்த ஜூலையில் இக்னோவில், அதாவது வீட்டிலிருந்தே படிக்கிற இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில், பி.ஏ. சேர்ந்துவிட்டேன். விண்ணப்பம், சான்றிதழ், கட்டணம் எல்லாம் செல்போனிலேயே முடிந்தது. புத்தகக் கட்டு கடை முகவரிக்கு வந்தது. பையன்கள் சேலை பார்சல் என்று நினைத்துப் பிரித்து, விலை ஒட்ட ஸ்டிக்கரோடு நின்றார்கள்.

பாடம் கஷ்டமா என்றுதான் எல்லாரும் கேட்கிறார்கள். பாடம் பரவாயில்லை. வாத்தியார் பக்கத்தில் உட்கார்ந்து பேசுவது போலத்தான் எழுதியிருக்கிறார்கள். நடுநடுவே நம்மை நாமே சோதித்துக்கொள்ளக் கேள்விகள் இருக்கின்றன, யூனிட் முடிவில் விடைக்குறிப்பும் உண்டு. எனக்குக் கைதான் பிரச்சினை.

அசைன்மென்டைக் கையால் எழுதித்தான் கொடுக்க வேண்டும். ஒரு பாடத்துக்கு 500 சொல் விடை இரண்டு, 250 சொல் விடை மூன்று, 100 சொல் விடை ஐந்து. கணக்கன் அல்லவா, கூட்டிப் பார்த்தேன்: 2,250 சொல். முதல் விடையில் பாதி தாண்டுவதற்குள் கட்டைவிரல் மரத்துவிட்டது. இத்தனை வருடத்தில் பேங்க் சலான், செக், கையெழுத்து தவிர பேனாவுக்கு நான் வேலையே கொடுக்கவில்லை. எட்டாவது படிக்கும் மகள் எட்டிப் பார்த்து, "அப்பா, டாக்டர் சீட்டு மாதிரி இருக்கு. நான் எழுதித் தரட்டுமா?" என்றாள். ஒரு ஜெராக்ஸ் கடையில் பாடத்துக்கு இவ்வளவு என்று ரேட் பேசி எழுதித் தருகிறார்களாம். மார்க்கில் அசைன்மென்டுக்கு 30 சதவீதம், தேர்வுக்கு 70. தேர்வு ஹாலுக்கு ஜெராக்ஸ் கடைக்காரரா வருவார்?

டிசம்பரில் முதல் தேர்வு. ஒரு தாளுக்கு மூன்று மணி நேரம். கடை அடைத்து வீட்டுக்கு வர இரவு பத்தாகிறது. நேரத்துக்கும் கைக்கும் நீங்கள் எல்லாம் என்ன செய்தீர்கள்?

தண்ணி லாரி

தம்பி, நான் உங்களுக்கு அக்கா வயது. நான் சேர்ந்தபோது இந்தப் படிப்புக்கு பி.டி.பி. என்று பெயர். மொத்தம் 96 கிரெடிட். ஒரு கிரெடிட் என்றால் 30 மணி நேரப் படிப்பு. அறிவியல் தொழில்நுட்ப அடிப்படைப் பாடம் என்று ஒன்று எல்லாருக்கும் கட்டாயம். அது மட்டும் 8 கிரெடிட், அதாவது 240 மணி நேரம். பத்தாவதில் சயின்ஸைக் கண்டு ஓடியவள் நான். இரண்டு பிள்ளைகள், படுத்த படுக்கையாக மாமியார். 240 மணி நேரத்துக்கு எங்கே போவது?

அது சென்னையில் தண்ணீரே இல்லாத 2003, 2004 காலம். எங்கள் தெருவுக்கு லாரி பதினொன்றுக்கும் வரும், மூன்றுக்கும் வரும். குடத்தை வரிசையில் வைத்துவிட்டு நிற்க வேண்டியதுதான். அப்போதெல்லாம் ஒரு பாடம் முழுவதும் ஒரே புத்தகமாக வராது. பிளாக் பிளாக்காகப் பிரித்து, பள்ளிக்கூட நோட்டு கனத்தில் மெல்லிசாக அனுப்புவார்கள். ஒன்றைச் சுருட்டி இடுப்பில் செருகிக்கொண்டு போவேன். ஒரு நாளைக்கு ஒரு யூனிட். தலையணை கனத்தில் ஒரே புத்தகமாகக் கொடுத்திருந்தால் அதைத் தெருவுக்கு எடுத்துப் போயிருக்கவே மாட்டேன், பட்டமும் வாங்கியிருக்க மாட்டேன். வாய்விட்டுச் சொன்னால் சிரிப்பார்கள், என் டிகிரியில் பாதி குழாயடியில் வாங்கியது.

மீதிப் பாதி அடுப்படியில். எஃப்.எம். 105.6இல் ஞானவாணி என்ற கல்வி வானொலியைப் போட்டுவிட்டுத்தான் குழம்பு வைப்பேன். என் பாடம் வந்ததைவிட வராத நாள்தான் அதிகம். ஆனாலும் வேறு யாருக்கோ நடக்கும் பாடத்தைக் கேட்பதில் ஒரு ருசி இருந்தது.

மூன்று வருடப் படிப்பை ஆறு வருடத்துக்குள் முடிக்கலாம் என்பது விதி. நான் ஐந்தாவது வருடத்தில் முடித்தேன். கைக்கு ஒரே வைத்தியம்தான். பிள்ளைகள் ஹோம்வொர்க் செய்யும்போது நீங்களும் பக்கத்தில் உட்காருங்கள். கடிகாரத்தைப் பார்த்து, புத்தகத்தை மூடிவிட்டு, தினமும் ஒரு விடை எழுதுங்கள். முதல் மாதம் எரிச்சலாக வரும். அப்புறம் கை தானாக ஓடும்.

நைட் ஷிப்ட்

நான் செய்த தப்பை மட்டும் சொல்லிவிடுகிறேன். படிப்புக் கட்டணம் கட்டினாலே தேர்வுக்கும் பதிவாகிவிடும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். தேர்வுப் படிவம் தனி, கட்டணமும் தனி. கடைசித் தேதி போன பிறகுதான் தெரிந்தது. ஆறு மாதம் காலி. இன்னொன்று, தேர்வு எழுதவில்லையே என்று அடுத்த வருட மறுபதிவையும் விட்டுவிட்டேன். பாஸ் ஆகாவிட்டாலும் மறுபதிவு செய்யலாம் என்று பிறகுதான் தெரிந்தது. ஆக மொத்தம் ஒன்றரை வருடம் போச்சு. செல்போனில் அலாரம் வையுங்கள், சார்.

தபால் மேசை

நான் இக்னோ இல்லை, சைதாப்பேட்டையில் இருக்கிற தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம். 2002இல் வந்தது. தமிழ் வழியில் படிக்கலாம் என்பதால்தான் அங்கே சேர்ந்தேன். எழுதுவதற்குக் காரணம், இதைப் படிக்கும் யாராவது என் மாதிரி எட்டாவதோடு நின்றவர்களாக இருக்கலாம்.

அரசு அலுவலகம் ஒன்றில் உதவியாளர் நான். ஃபைல் தூக்குவது, தபால் பிரிப்பது. பிளஸ் டூ இல்லாதவர்களும் 18 வயது ஆகியிருந்தால் பி.பி.பி. என்ற ஆறு மாத ஆயத்தப் படிப்பை முடித்து இக்னோவில் பட்டப்படிப்பு சேர அப்போது வழி இருந்தது. குறுக்கு வழி கிடைத்தது என்று சந்தோஷமாகக் கிளம்பினேன். எங்கள் அலுவலகக் கண்காணிப்பாளர் அம்மா கையைப் பிடித்து நிறுத்தினார். பி.பி.பி. என்பது பிளஸ் டூவுக்குச் சமம் இல்லை. பத்தாவதும் பிளஸ் டூவும் முடித்த பிறகு வாங்கிய திறந்தநிலைப் பட்டம்தான் தமிழக அரசு வேலைக்கும் பதவி உயர்வுக்கும் செல்லும் என்று 2009 ஆகஸ்டில் அரசாணை எண் 107 வந்திருக்கிறது. அதைப் பிரதி எடுத்தே என் கையில் கொடுத்தார்.

அதனால் சுற்று வழி. முதலில் தனித்தேர்வராகப் பத்தாவது. கணிதத்தில் இரண்டு முறை போய், மூன்றாவது முறை 38. பிறகு பிளஸ் டூ. அதற்கும் பிறகுதான் பி.ஏ. எட்டு வருடம். அந்த அம்மா அன்றைக்குச் சொல்லாமல் இருந்திருந்தால் மூன்று நான்கு வருடத்தில் ஒரு பட்டம் இருந்திருக்கும், அது எனக்கு உதவியிருக்காது. அறிவுக்காகப் படிக்கிறவர்களுக்கும் தனியார் வேலைக்காரர்களுக்கும் இந்தக் கவலை வேண்டாம். அரசு வேலை கண்ணில் இருந்தால் சேரும் முன்பே கேட்டுவிடுங்கள்.

ஒரே பேட்ச்

வயது 63, மதுரை. நான் வங்கியில் சேர்ந்த 1985ஆம் ஆண்டில்தான் நாடாளுமன்றம் சட்டம் இயற்றி இக்னோவைத் தொடங்கியது. நாங்கள் ஒரே பேட்ச். இப்போது அங்கே எம்.ஏ. வரலாறு இரண்டாம் ஆண்டு. காரணம் எதுவும் இல்லை, ஆசைதான். "யாருக்குக் காட்டப்போறீங்க?" என்று சம்பந்தி கேட்டார். அவர் தினமும் மூன்று மணி நேரம் சீரியல் பார்க்கிறார். அதை யாருக்குக் காட்டுகிறாராம்?

ஈரோட்டுத் தம்பி, கையைப் பற்றிக் கேட்டீர்கள். எனக்கு முட்டி. தேர்வு மையம் ஒரு கல்லூரியில். பதினெட்டு வயதுக் கால்களுக்காகச் செய்த பெஞ்சு. முழங்காலை மடக்கி உள்ளே விட்டால் வெளியே எடுக்கத் துணை வேண்டும். காலையில் பத்திலிருந்து ஒன்று, மதியம் இரண்டிலிருந்து ஐந்து. ஒரே நாளில் இரண்டு தாள் விழுந்துவிட்டால் நடுவில் ஒரு மணி நேரம்தான். சர்க்கரை மாத்திரை போட்டு, தயிர்சாதம் தின்று, பாத்ரூம் போய்விட்டு ஓடி வர வேண்டும். சிறிய குஷன் ஒன்று கொண்டுபோகிறேன். அதைப் பிதுக்கிப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே விடுகிறார்கள். பிட் வைத்திருப்பேன் என்ற சந்தேகம் என்மேலும் வருவதில் ரகசியமாக ஒரு பெருமை.

எம்.ஏ.வில் 40 வாங்க வேண்டும், பி.ஏ.வுக்கு 35 போதும். அசைன்மென்டில் தனியாக, தேர்வில் தனியாக. ஒன்றில் குவித்து இன்னொன்றில் கோட்டை விட்டால் தேறாது, பார்த்துக்கொள்ளுங்கள்.

ஈரோட்டுக் கணக்கன்

எல்லாருக்கும் நன்றி. சம்பந்தி கதையை வீட்டில் படித்துக் காட்டினேன், என் மனைவிக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை.

தண்ணி லாரி அக்கா, எனக்கு வந்தவை மெல்லிசாக இல்லை, தலையணைதான். நேற்று ராத்திரி கடையில் துணி வெட்டுகிற பெரிய கத்தரியை எடுத்து வந்து முதுகைப் பிரித்துவிட்டேன். யூனிட் யூனிட்டாகத் தைத்து, மேலே பழைய காலண்டர் அட்டை. முதல் யூனிட் இப்போது கல்லாப்பெட்டிக்குள், பில் புத்தகத்துக்கு அடியில் இருக்கிறது. முதலாளி மதியம் சாப்பிடப் போனால் நாற்பது நிமிடம் வர மாட்டார்.