ஃபிஷ் கச்சேரிக்குப் பயணம்: ஓர் இரவா, மொத்த ரன்னா?

ஃபிஷ் என்ற அமெரிக்க ராக் குழுவின் கச்சேரிகளுக்குப் புதிதாகப் போகிறவர்களுக்காக ரசிகர்கள் நால்வர் மாறிமாறி எழுதியது. அரங்கில் நிற்கும் இடத்தை வைத்தே ஒவ்வொருவரின் பெயரும்: பேஜ் பக்கம், புல்வெளி, மைக் பக்கம், டேப்பர் வரிசை.

பேஜ் பக்கம்:

புதிதாக வருகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பது, "ஒரு நாள் பார்த்தால் போதாதா?" என்பதுதான். ஃபிஷ் விஷயத்தில் போதாது. ஒரே அரங்கில் தொடர்ந்து இரண்டு மூன்று இரவு வாசிப்பதைத்தான் ரன் என்கிறோம். ஒரு ரன்னுக்குள் வாசித்த பாட்டு மறுபடி வருவது அரிது. 2017-இல் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் 13 இரவு நடந்த பேக்கர்ஸ் டஸனில் 237 பாட்டு வாசித்தார்கள், ஒன்றுகூடத் திரும்ப வரவில்லை. வெள்ளி மட்டும் பார்த்துவிட்டு ஊர் திரும்பினால், நீங்கள் காத்திருந்த பாட்டு ஞாயிறன்று வந்துவிடும். விடுப்பு, தங்குமிடம், பணம், காது, கால் எல்லாவற்றையும் மொத்த ரன்னுக்கும் சேர்த்தே கணக்குப் போடுங்கள். கையில் பணம் குறைவு என்றால், தூரத்து அரங்கில் ஓர் இரவு பார்ப்பதைவிட அருகில் உள்ள அரங்கில் இரண்டு இரவு பார்ப்பது எவ்வளவோ மேல்.

டிக்கெட்டுக்கு முதல் வழி குழுவின் சொந்தத் தளத்தில் திறக்கும் குலுக்கல். சுற்றுப்பயணம் அறிவித்த சில நாள்களுக்குள் விண்ணப்பம் மூடிவிடும், அதனால் அறிவிப்பு வந்த அன்றே போட்டுவிடுங்கள். குலுக்கலில் விழுந்தால் அட்டையிலிருந்து தானாகவே பணம் எடுப்பார்கள். அட்டை காலாவதியாகியிருந்தாலோ வரம்பு போதாவிட்டாலோ கிடைத்த டிக்கெட்டும் கைநழுவும். விழாவிட்டால் பொது விற்பனை. அதிலும் தவறினால் கேஷ்ஆர்ட்ரேட் தளம். அங்கே ரசிகர்கள் முகவிலைக்கே, அதாவது டிக்கெட்டில் போட்ட விலைக்கே, கைமாற்றிக்கொள்கிறார்கள். மறுவிற்பனைத் தளங்களில் இரண்டு மடங்கு கொடுக்க அவசரப்பட வேண்டாம். கச்சேரிக்கு முந்தைய மூன்று நான்கு நாள்களில் பலருடைய திட்டம் மாறும், கூடுதல் டிக்கெட்டுகள் அப்போதுதான் வெளியே வரும்.

யாராவது டிக்கெட்டின் ஸ்கிரீன்ஷாட் அனுப்பினால் பணம் கொடுக்காதீர்கள். பல அரங்குகளில் பார்கோடு நொடிக்கு நொடி மாறுவதால் படம் வாயிலில் செல்லாது. உங்கள் கணக்குக்கு மாற்றி, அது உங்கள் செயலியில் தெரிந்த பிறகே பணம். சில அரங்குகள் மாற்றும் வசதியையே கச்சேரிக்குச் சில நாள் முன்புதான் திறக்கின்றன. அந்தத் தாமதத்தை வைத்து மட்டும் விற்பவரைச் சந்தேகிக்க வேண்டியதில்லை.

புல்வெளி:

கார்ஜ் என்ற திறந்தவெளி அரங்கைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அங்கே போவது கச்சேரிப் பயணம் மட்டுமல்ல, முகாம் பயணமும்தான். வாஷிங்டன் மாநிலத்தில் சியாட்டிலிலிருந்து கிழக்கே ஏறத்தாழ 150 மைல், ஐ-90 சாலை. அருகில் பெரிய ஊர் இல்லை. கச்சேரி முடிந்து நள்ளிரவில் மலைக் கணவாய் வழியாக இரண்டரை மணி நேரம் ஓட்டிச் சியாட்டில் திரும்பலாம் என்று நினைக்காதீர்கள். வாகன நிறுத்தத்தைவிட்டு வெளியேறவே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும், பிறகு தூக்கக் கலக்கத்தில் நெடுஞ்சாலை. முகாம் அனுமதி கச்சேரி டிக்கெட்டில் சேராது. வண்டிக்கு ஒன்று என்று தனியாக வாங்க வேண்டும்.

அங்கே முதல் எதிரி காற்று. கொலம்பியா ஆற்றுப் பள்ளத்தாக்கிலிருந்து பிற்பகலில் கிளம்பும். கூடாரத்தோடு வரும் மெல்லிய முளைகள் அந்த இறுகிய தரையில் வளைந்துபோகும். 10 அல்லது 12 அங்குல எஃகு முளைகளும் சுத்தியலும் எடுத்துப் போங்கள். நிழல் பந்தல் போட்டால் நான்கு காலிலும் எடை கட்டுங்கள். கச்சேரிக்குக் கிளம்பும்முன் பந்தலை இறக்கி மடித்துவிடுங்கள். ஆள் இல்லாத பந்தல்தான் பறந்துபோய்ப் பக்கத்து வண்டியின் கண்ணாடியை உடைக்கும். பகலில் 35 பாகை தாண்டும், இரவு இரண்டாம் செட்டில் (இடைவேளைக்குப் பிந்தைய பகுதியில்) ஸ்வெட்டர் தேடுவீர்கள். குடிக்க மட்டும் ஆளுக்கு நாளொன்றுக்கு 4 லிட்டர் தண்ணீர்.

மேடை மேற்குப் பக்கம், பின்னால் ஆறு. முதல் செட் முழுக்க வெயில் நேராகக் கண்ணில் விழும், தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் மறவாதீர்கள். சூரியன் இறங்கிய பிறகு அந்தப் பள்ளத்தாக்கின் முன்னால் ஜாம் (பாட்டை நீட்டி, அந்தக் கணத்தில் தோன்றியபடி வாசிப்பது) கேட்பதற்கு ஈடான இடம் அமெரிக்காவில் வேறு இல்லை என்பது என் முடிவு. யாரும் மறுக்கலாம், ஆனால் ஒருமுறை போய்வந்து மறுக்கட்டும்.

மைக் பக்கம்:

புல்வெளி நண்பர் சொன்ன வெளியேறும் சிக்கல் விஸ்கான்சினின் ஆல்பைன் வேலி அரங்குக்கும் அப்படியே பொருந்தும். குறுகிய கிராமச் சாலைகள், ஏறத்தாழ 37,000 பேர். அங்கே புல்வெளி செங்குத்தான சரிவு, மழை பெய்தால் வழுக்கும். செருப்பு வேண்டாம், பிடிப்புள்ள ஷூ போடுங்கள்.

நியூயார்க்கில் இந்தத் தொல்லை எதுவும் கிடையாது. மேடிசன் ஸ்கொயர் கார்டன் நேராகப் பென் ஸ்டேஷன் ரயில் நிலையத்தின் மேல் உட்கார்ந்திருக்கிறது. காரை விட்டுவிட்டு ரயிலில் வாருங்கள். புத்தாண்டு இரவு மட்டும் விதிவிலக்கு. அன்று மூன்று செட், டைம்ஸ் ஸ்கொயரைச் சுற்றிச் சாலைகள் அடைப்பு. கடைசி ரயில் எப்போது என்பதை முன்கூட்டியே பார்த்து வைக்கவும்.

எங்கே நிற்பது? பார்வையாளர் பார்வையில் இடக்கோடியில் பேஜ் மெக்கானல் (பியானோ), பிறகு ட்ரே அனஸ்டாசியோ (கிட்டார்), ஜான் ஃபிஷ்மேன் (டிரம்ஸ்), வலக்கோடியில் மைக் கார்டன் (பேஸ்). பியானோ பிடித்தவர்கள் இடம், பேஸ் பிடித்தவர்கள் வலம். முன்வரிசைக்காக வெயிலில் ஆறு மணி நேரம் நிற்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். கிறிஸ் குரோடாவின் ஒளியமைப்பு இந்தக் கச்சேரியில் ஐந்தாவது கருவி. மேடைக்கு அடியில் நின்றால் அதில் பாதி தெரியாது. ஒலிப்பலகைக்கு (ஒலியைக் கட்டுப்படுத்தும் மேசைக்கு) பின்னால், அல்லது பக்கவாட்டுக் கீழ் அடுக்கில் நின்று பாருங்கள், இசைக்கும் ஒளிக்கும் உள்ள தொடர்பு பிடிபடும்.

லாஸ் வேகஸின் ஸ்பியர் அரங்கில் 2024 ஏப்ரலில் நான்கு இரவு வாசித்தார்கள். அந்த அரங்கில் கவனிக்க வேண்டியது ஒன்றுதான். 100 எண் வரிசைப் பகுதிகளின் பின்வரிசைகளுக்கு மேலே அடுத்த தளம் கூரையாக நீண்டிருக்கும், தலைக்கு மேல் வளைந்து செல்லும் பெருந்திரையின் மேல்பாதி மறைந்துவிடும். 200, 300 எடுங்கள். 400 முழுத்திரையும் காட்டும், ஆனால் படிகள் செங்குத்து. உயரம் ஒவ்வாதவர்கள் தவிர்க்கவும்.

டேப்பர் வரிசை:

ஒலிப்பதிவு செய்ய நினைப்பவர்களுக்கு. குழு அனுமதிக்கிறது, ஆனால் ஒலி மட்டும், விற்பனை கூடாது. மைக் ஸ்டாண்டு வைக்க டேப்பர் (ஒலிப்பதிவு செய்பவர்) டிக்கெட் தனியாக வேண்டும். சாதாரண டிக்கெட்டோடு ஸ்டாண்டைத் தூக்கிக்கொண்டு வந்தால் வாயிலிலேயே நிறுத்துவார்கள். முன்பக்க ஒலியையே அதிகம் வாங்கும் இரண்டு கார்டியாய்டு மைக்குகளை 17 செ.மீ. இடைவெளியில் 110 பாகைக் கோணத்தில் வைப்பது நம்பகமான தொடக்கம். மேடையிலிருந்து வெகுதூரம் தள்ளியிருந்தால் கோணத்தைக் குறைத்து நேராக ஒலிபெருக்கிகளை நோக்கித் திருப்புங்கள், இல்லாவிட்டால் கூட்டத்தின் பேச்சுதான் பதிவாகும். 24 பிட் கருவியில் முதல் பாட்டின் உச்சம் கருவியின் அளவுகாட்டியில் மைனஸ் 12 டெசிபல் அளவில் நிற்கட்டும். இரண்டாம் செட்டில் சத்தம் ஏறும், அப்போது அந்த இடைவெளி வேண்டும். கார்ஜ் மாதிரித் திறந்தவெளியில் மைக்கோடு வரும் பஞ்சு உறை காற்றுக்குத் தாங்காது, ரோம உறை போடுங்கள். மின்கலம் நான்கு மணி நேரத்துக்காவது வர வேண்டும்.

அதைவிட முக்கியம் காது. 85 டெசிபலில் எட்டு மணி நேரம்தான் பாதுகாப்பு, அதன்மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகிறது. 100 டெசிபலில் 15 நிமிடம். ஒரு கச்சேரி மூன்று மணி நேரம், ரன் மூன்று இரவு. பஞ்சுக் காதடைப்பான் உச்ச ஒலிகளை அதிகமாக வெட்டுவதால் சிம்பல் மங்கும். இசைக்கென்றே வரும், 15 முதல் 20 டெசிபல் வரை சீராகக் குறைக்கும் அடைப்பான் வாங்குங்கள். முதல் பாட்டிலேயே மாட்டுங்கள், காது இரைந்த பிறகு மாட்டிப் பயனில்லை.

பேஜ் பக்கம்:

லாட், அதாவது வாகன நிறுத்தம் பற்றி யாரும் சொல்லவில்லையே. வாகன நிறுத்தத்தில் ரசிகர்கள் போடும் சந்தைக்கு ஷேக்டவுன் என்று பெயர், கிரேட்ஃபுல் டெட் குழுவின் 1978 ஆல்பத்திலிருந்து வந்தது. 1, 5 டாலர்த் தாள்கள் எடுத்துப் போங்கள். விரலை உயர்த்தி நடப்பவர்கள் டிக்கெட் தேடுகிறார்கள். உங்களிடம் கூடுதலாக ஒன்று இருந்தால் முகவிலைக்கோ இலவசமாகவோ கொடுத்துவிடுங்கள், இந்தக் கூட்டம் இத்தனை காலம் நிலைத்திருப்பதே அதனால்தான். பலூன் விற்கும் நைட்ரஸ் (சிரிப்பு வாயு) தொட்டிகளின் சீறல் கேட்டால் அந்தப் பக்கமே போக வேண்டாம். நின்ற இடத்தில் மயங்கி விழுந்து தலையில் அடிபடுவோர் உண்டு; தொடர்ந்து இழுத்தால் உடலில் பி12 வைட்டமின் செயலிழந்து நரம்பு கெடும். கஞ்சா கொலராடோ, வாஷிங்டன் மாநிலங்களில் சட்டப்படி கிடைத்தாலும் கூட்டாட்சிச் சட்டத்தில் குற்றமே. விசாவில் இருப்பவர்களுக்குப் பயன்படுத்தியதாக ஒப்புக்கொள்வதுகூடச் சிக்கலாகும். எதுவும் தொடாமல் கச்சேரி கேட்க விரும்புவோருக்கு இடைவேளையில் மஞ்சள் பலூன் கட்டிய மேசை இருக்கும். ஃபெல்லோஷிப் குழுவினர். அவர்களோடு நில்லுங்கள்.

புல்வெளி:

திருவிழாக்களுக்குப் போகிறவர்கள் இரண்டு பழைய நிகழ்வுகளை நினைவில் வையுங்கள். 2004 ஆகஸ்டில் வெர்மான்ட் கவென்ட்ரியில் மழையால் மைதானம் சேறாகி, வருகிற வண்டிகளைத் திருப்பிப் போகச் சொன்னார்கள். பலர் ஐ-91 ஓரத்திலேயே வண்டியை விட்டுவிட்டு நடந்து போனார்கள். 2018-இல் வாட்கின்ஸ் கிளென் ஊரில் கர்வ்பால் திருவிழா தொடங்குவதற்கு முந்தைய நாள், வெள்ளத்தால் குடிநீர் மாசுபட்டதால் ரத்து. ஆள்கள் அதற்குள் வந்து இறங்கியிருந்தார்கள். ஆகவே ரத்துசெய்யக்கூடிய விடுதி, தேதி மாற்றக்கூடிய விமான டிக்கெட், சொந்தத் தண்ணீர், முழங்கால் பூட்ஸ். கூடாரத்தைப் பள்ளத்தில் போடாதீர்கள்.

மைக் பக்கம்:

கொலராடோவின் டிக்ஸ் மைதானத்துக்குப் போகிறவர்களுக்கு ஒன்று. அமெரிக்கத் தொழிலாளர் தின வார இறுதியில் 2011 முதல் பல ஆண்டுகள் அங்கே வாசித்திருக்கிறார்கள், இடம் கடல்மட்டத்திலிருந்து 5,000 அடிக்கு மேல். ஒரு நாள் முன்பே போய்த் தண்ணீர் குடித்துப் பழகுங்கள். முதல் இரவு மது குறைவாக இருக்கட்டும், அங்கே தலைவலி சீக்கிரம் வரும். திரும்பும் விமானத்தைத் திங்கள் விடியற்காலை போடாதீர்கள். என்கோர் (கடைசியில் மேடைக்குத் திரும்பி வந்து வாசிக்கும் பாட்டு) முடிந்து, வண்டியை எடுத்து, அறைக்குப் போய்ப் படுக்கவே இரண்டு மணி ஆகிவிடும். மதியம் ஒரு மணிக்குப் பிறகு உள்ளதை எடுங்கள்.