விதை திரும்பி வரும் வழியில் வளர்ந்தால்?

பிள்ளைகளுக்கு அறிவியல் சோதனையில் வழிகாட்டிய அனுபவம் ஒன்றைச் சொல்கிறேன். மாணவர்களின் சோதனைகளைச் சர்வதேச விண்வெளி நிலையத்துக்கு அனுப்பும் திட்டத்தில் ஒரு வருடம் தன்னார்வ வழிகாட்டியாக இருந்தேன். என் குழுவில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் நான்கு பேர்.

"விண்வெளியில் செடி வளருமா?" என்றுதான் ஆரம்பித்தார்கள். வளரும், 2015இலேயே வீரர்கள் அங்கே வளர்த்த லெட்யூஸ் கீரையைச் சாப்பிட்டிருக்கிறார்கள். அதைச் சொல்லிவிட்டு, "எடை தெரியாத இடத்தில் செடிக்கு எது குழம்பும்?" என்று மட்டும் கேட்டேன். இரண்டு வாரம் பதிலே இல்லை. எனக்கோ நாக்கு நுனியில் பத்து யோசனைகள். வாயை மூடிக்கொண்டிருந்ததுதான் அந்த வருடம் நான் செய்த ஆகக் கடினமான வேலை. அப்புறம் ஒரு பையன் கேட்டான்: "வேருக்குக் கீழே எது என்று எப்படித் தெரியும்?"

அங்கிருந்து எல்லாம் அவர்களே தேடிக்கொண்டார்கள். வேர் நுனியில் மாவுச்சத்துத் துகள்கள் இருக்கின்றன, அவை கனத்தால் அடியில் படிவதை வைத்து வேர் திசை அறிகிறது. நிலையம் இருக்கும் 400 கிலோமீட்டர் உயரத்திலும் புவியீர்ப்பு கிட்டத்தட்ட 90 சதவீதம் இருக்கிறது, நிலையம் ஓயாமல் விழுந்துகொண்டே சுற்றுவதால்தான் அங்கே எல்லாம் மிதக்கின்றன. இதை அறிந்ததும் அவர்கள் முகம் மாறியதை இன்னும் மறக்கவில்லை.

எங்களுக்குக் கிடைத்தது ஒரு சிலிகான் குழாய், நடுவே கிளிப் போட்டுப் பிரித்தது. ஒரு பக்கம் உலர்ந்த விதை, மறுபக்கம் தண்ணீர். விண்வெளி வீரர் கிளிப்பைத் திறந்து குலுக்கினால் முளைக்கத் தொடங்கும். திட்டம் முடிந்தது என்றே நானும் நினைத்தேன். அதுவரை அதிகம் பேசாத ஒரு பெண் கேட்டாள்: "சார், பூமிக்குத் திரும்பிய பிறகும் வளர்ந்துகொண்டிருந்தால்? நாம் பார்ப்பது எந்த வேர்?"

எனக்கு அது தோன்றவே இல்லை. அவளுடைய அந்தக் கேள்வியால்தான் குழாயில் மூன்றாவது அறை வந்தது. நிலையத்தை விட்டுக் கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பு இரண்டாவது கிளிப்பையும் திறந்தால், அந்த அறையில் இருக்கும் ஃபார்மலின் (செடியைக் கெடாமல் வைத்திருக்கும் திரவம்) கலந்து வளர்ச்சி அப்படியே நின்றுவிடும்.

ஏவும் நாள் இரண்டு முறை தள்ளிப்போனது. சோர்ந்துபோனவர்களிடம் 2014 அக்டோபர் 28ஐப் பற்றிச் சொன்னேன். அன்று நிலையத்துக்குக் கிளம்பிய சரக்கு ராக்கெட் சில நொடிகளில் வெடித்தது. அதில் 18 மாணவர் சோதனைகள் இருந்தன. அந்தப் பிள்ளைகள் மறுபடி தயாரித்தார்கள், பெரும்பாலானவை 2015 ஜனவரியில் மேலே போய்ச் சேர்ந்தன. சரி, நாமும் காத்திருப்போம் என்றார்கள்.

குழாய் திரும்பி வந்த அன்று, தரையில் அதே நாட்களில் நடத்திய குழாயையும் பக்கத்தில் வைத்துத் திறந்தோம். தரையில் முளைத்தவை எல்லாம் கீழ்நோக்கி வளைந்திருந்தன. மேலே போனவை ஆளுக்கொரு திசையில். ஒரே கூச்சல். அந்தப் பெண் மட்டும் நோட்டைத் திறந்து, பயணத்தில் வெப்பநிலை என்ன இருந்தது என்று கேட்டாள். அந்தப் பதிவு எங்களிடம் முழுதாக இல்லை. அறிக்கையின் முதல் பக்கத்திலேயே அதை எழுத வேண்டும் என்றாள், எழுதினோம்.