இணைய வானொலியில் திரைப்பாடல் போட யாரிடமெல்லாம் அனுமதி வாங்க வேண்டும்?

காற்றலை_மதுரை:

ஒரு சிறு அறக்கட்டளைக்காக 24 மணி நேர இணைய வானொலி அமைக்கிறோம். வி.பி.எஸ். (வாடகை சர்வர்) எடுத்து, வானொலி நடத்தும் மென்பொருளான அசுராகாஸ்ட் நிறுவியாயிற்று. 128 கே.பி.பி.எஸ்., ஒரே சேனல். விளம்பரமோ சந்தாவோ கிடையாது. பாடல்கள் எல்லாம் காசு கொடுத்து வாங்கிய சி.டி.க்களிலிருந்து எடுத்தவை. பெரும்பாலும் 1950கள் முதல் 1990கள் வரையிலான திரைப்பாடல்கள், கொஞ்சம் கர்நாடக இசை. நேயர்களில் பாதிப் பேர் வெளிநாட்டில் இருப்பார்கள்.

எஃப்.எம். நிலையங்களுக்குச் சட்டமே உரிமம் தருகிறதாமே, அது இதற்கும் செல்லுமா? ஐ.பி.ஆர்.எஸ். (இசையமைப்பாளர், பாடலாசிரியர்களுக்கான உரிமச் சங்கம்) உரிமம் மட்டும் வாங்கினால் போதுமா? பழைய பாட்டுகளுக்கு உரிமை முடிந்திருக்காதா? ஒன்றும் சரிவராவிட்டால் யூடியூப் லைவ் போகலாமா?

பிரிவு_51:

முதல் கேள்விக்கு நேரடியான பதில்: செல்லாது. காப்புரிமைச் சட்டத்தில் 2012 திருத்தத்தில் வந்த 31டி பிரிவு, உரிமையாளர் சம்மதிக்காவிட்டாலும் நிர்ணயித்த கட்டணத்தைக் கட்டிப் பாட்டை ஒலிபரப்பலாம் என்கிறது. இணையமும் அதில் அடங்கும் என்று 2016இல் மத்திய அரசின் துறை ஒன்று குறிப்பாணைகூட வெளியிட்டது. ஆனால் டிப்ஸ் என்ற ஆடியோ நிறுவனம் விங்க் என்ற இணைய இசைச் சேவை மீது போட்ட வழக்கில், அந்தப் பிரிவு வானொலிக்கும் தொலைக்காட்சிக்கும்தான், இணையத்துக்கு இல்லை என்று பம்பாய் உயர் நீதிமன்றம் 2019இல் தீர்ப்பளித்தது. 2022இல் இரு நீதிபதிகள் அமர்வும் அதையே உறுதி செய்தது. குறிப்பாணை நீதிமன்றத்தைக் கட்டுப்படுத்தாது என்றும் சொல்லிவிட்டார்கள். பழைய கட்டுரைகள் பலவற்றில் அந்தக் குறிப்பாணையை இன்னும் ஆதாரமாகக் காட்டுகிறார்கள், நம்பி இறங்கிவிடாதீர்கள்.

ஆக, பேசித்தான் வாங்க வேண்டும், அதுவும் இரண்டு இடத்தில். ஒரு திரைப்பாட்டில் மெட்டு, வரிகள், ஒலிப்பதிவு என்று மூன்று தனித்தனிச் சொத்துகள் இருக்கின்றன. முதல் இரண்டுக்கும் ஐ.பி.ஆர்.எஸ். உரிமம் தரும் (இசையமைப்பாளரோ பாடலாசிரியரோ அதில் உறுப்பினராக இல்லாவிட்டால் அவர்களையோ வாரிசுகளையோதான் அணுக வேண்டும்). ஒலிப்பதிவு ஆடியோ நிறுவனத்தின் கையில். பழைய எச்.எம்.வி. பதிவுகள் என்றால் இன்று சரிகம. ஐ.பி.ஆர்.எஸ். ரசீதைக் காட்டினால் ஆடியோ நிறுவனம் ஒப்புக்கொள்ளாது. மறுபக்கமும் அப்படித்தான்: ஒலிப்பதிவுக்குக் கட்டினாலும் மெட்டுக்கும் வரிக்கும் தனியாக ராயல்டி உண்டு என்று எஃப்.எம். நிலையங்கள் தொடர்பான வழக்கில் 2023 ஏப்ரலில் அதே நீதிமன்றம் சொன்னது.

சி.டி. வாங்கியது கேட்பதற்கான உரிமை மட்டுமே. "உரிமை அவர்களுக்கே" என்று கீழே எழுதிப் போடுவதால் எதுவும் மாறாது. அது, பாட்டு அடுத்தவருடையது என்று தெரிந்தே போட்டோம் என எழுதிக் கொடுத்தது மாதிரி ஆகிவிடும். 30 நொடி வரை போடலாம் என்ற விதி இந்தியச் சட்டத்தில் எங்கும் இல்லை.

லாப நோக்கம் இல்லை என்பது ஒரே இடத்தில்தான் உதவும். காப்புரிமைச் சட்டத்தின் 63ஆம் பிரிவில் தண்டனை 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை, ரூ.50,000 முதல் ரூ.2 லட்சம் வரை அபராதம். வணிக ஆதாயத்துக்காகச் செய்யவில்லை என்றால், காரணத்தைப் பதிவு செய்து, அந்தக் குறைந்தபட்சத்துக்கும் கீழே நீதிமன்றம் போகலாம். மீறல் மீறல்தான்.

இசைத்தட்டு78:

காலக் கணக்கு மட்டும் நான் சொல்கிறேன், பலர் சறுக்குவது இங்கேதான்.

ஒலிப்பதிவுக்கு, வெளியான ஆண்டுக்கு அடுத்த ஜனவரி 1இலிருந்து 60 ஆண்டு. 1964இல் வந்த இசைத்தட்டுக்கு 2024 டிசம்பர் 31உடன் முடிந்தது. ஒவ்வொரு புத்தாண்டிலும் ஓர் ஆண்டுப் பதிவுகள் வெளியே வரும். ஆனால் மெட்டுக்கும் வரிக்கும் கணக்கு வேறு: படைத்தவர் இறந்த ஆண்டுக்குப் பின் 60 ஆண்டு.

கண்ணதாசன் எழுதி எம்.எஸ்.வி. இசையமைத்த 1964 பாட்டு ஒன்றை எடுங்கள். பதிவு விடுதலை. கண்ணதாசன் மறைந்தது 1981, எனவே வரிகள் 2041 முடிய. எம்.எஸ்.வி. மறைந்தது 2015, மெட்டு 2075 முடிய. இதற்கு ஆடியோ நிறுவனத்திடம் போகத் தேவையில்லை, ஐ.பி.ஆர்.எஸ். பக்கம் மட்டும் போதும். ஜி. ராமநாதன் (மறைவு 1963), பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம் (மறைவு 1959) இருவரும் சேர்ந்த பாட்டு கிடைத்தால் மூன்றுமே முடிந்தவை. அவற்றைத் தனிப் பட்டியலாக வைத்துக்கொண்டால், உரிமம் கைக்கு வரும்வரை சோதனை ஓட்டத்துக்கு ஆகும்.

கர்நாடக இசையிலும் இதே கதைதான். தியாகராஜர் கீர்த்தனைக்கு யாரையும் கேட்க வேண்டாம், பாபநாசம் சிவன் (மறைவு 1973) பாட்டுக்கு 2033 முடியக் கேட்க வேண்டும். கீர்த்தனை பொதுவுடைமை என்பதற்காக, நேற்று வந்த கச்சேரி சி.டி.யைப் போட்டுவிடக் கூடாது. அந்தப் பதிவுக்குத் தனி உரிமை, பாடியவருக்கும் பக்கவாத்தியக்காரர்களுக்கும் நிகழ்த்துநர் உரிமை 50 ஆண்டு.

இன்னொரு கண்ணி: உங்கள் சி.டி. டிஜிட்டல் மெருகேற்றியதா, வாத்தியம் சேர்த்து மறுகலவை செய்ததா என்று உறையைப் பாருங்கள். அப்படியென்றால் அதைப் புதிய பதிவு என்று நிறுவனம் வாதிட இடம் உண்டு. மூல இசைத்தட்டிலிருந்து எடுத்த பிரதிதான் பாதுகாப்பு.

காற்றலை_மதுரை:

நன்றி சார். அப்படியானால் 1970, 80களின் பாட்டுக்கு நிறுவனத்திடம் எழுதும்போது என்ன கேட்க வேண்டும்? ஒரே படத்துக்கு இரண்டு நிறுவனம் உரிமை கொண்டாடினால் என்ன செய்வது?

பிரிவு_51:

கடிதத்தில் இவை இருக்கட்டும்: நேயர் பாட்டைத் தேர்ந்தெடுக்க முடியாத தொடர் ஒலிபரப்பு, தரவிறக்கம் இல்லை, சேனல் எத்தனை, எந்தெந்த நாடுகள், எத்தனை மாதம். மினிமம் கியாரண்டி (எப்படியும் கட்ட வேண்டிய குறைந்தபட்சத் தொகை) கேட்பார்கள். முழு நூலகத்துக்கும் கேட்டால் தொகை எகிறும், படப் பட்டியலைச் சுருக்கிக் கொடுங்கள்.

இரண்டு பேர் உரிமை கோரும் படங்கள் நிறையவே உண்டு. அந்தக் காலத் தயாரிப்பாளர் ஒப்பந்தங்களில் இணையம் என்ற சொல்லே கிடையாது, அதே உரிமையைப் பிறகு வேறொருவருக்கு விற்றவர்களும் இருக்கிறார்கள். ஒப்பந்தத்தில் இரண்டு வரி கட்டாயம் வேண்டும்: இணைத்துள்ள பட்டியலில் உள்ள பாடல்களின் இணைய ஒலிபரப்பு உரிமை தங்களிடம் இருக்கிறது என்ற உறுதிமொழி, மூன்றாம் நபர் வழக்குத் தொடுத்தால் செலவையும் இழப்பீட்டையும் தாங்களே ஏற்கிறோம் என்ற வரி. நிறுவனம் இரண்டாவதைத் தர மறுக்கும் படத்தை விட்டுவிடுங்கள், வேறு பாட்டா இல்லை.

சர்வர்_சாவி:

வெளிநாட்டு நேயர் விஷயம் யாரும் தொடவில்லை. கேட்பவர் இருக்கும் நாட்டுச் சட்டமும் வரும். இந்தியாவில் விடுதலையான 1960களின் பதிவுகள் அமெரிக்காவில் இன்னும் காப்பில்தான் உள்ளன. அங்கே ஒலிப்பதிவுக்கு ராயல்டி வசூலிக்கும் சவுண்ட்எக்ஸ்சேஞ்ச் அமைப்பு வழியாகச் சட்ட உரிமம் கிடைக்கும், ஆனால் சேனலுக்கு ஆண்டுக்குக் குறைந்தபட்சக் கட்டணம் உண்டு (2021-2025இல் 1,000 டாலர்), மெட்டுக்கும் வரிக்கும் ஆஸ்காப், பி.எம்.ஐ. சங்கங்கள் தனி. நிபந்தனையும் உண்டு: 3 மணி நேரத்தில் ஒரே ஆல்பத்திலிருந்து 3 பாட்டுக்கு மேல் கூடாது, தொடர்ச்சியாக 2. ஒரே கலைஞருக்கு 4, தொடர்ச்சியாக 3. எஸ்.பி.பி. பிறந்தநாள் சிறப்பு நிகழ்ச்சி என்று முழு மாலையும் ஓட்டினால் அங்கேயே விதி உடைந்துவிடும். அடுத்து வரும் பாட்டின் பெயரை முன்கூட்டி அறிவிக்கவும் கூடாது. கனடாவில் சோகன், ரீ:சவுண்ட், சிங்கப்பூரில் காம்பாஸ் என்று உரிமச் சங்கங்கள், அடுத்தடுத்து வாசல்.

தொடக்கத்தில் இந்தியாவுக்கு மட்டும் திறப்பதே நடக்கிற காரியம். ஒலி முகவரிக்கு முன்னால் என்ஜின்எக்ஸ் (வலைச் சர்வர் மென்பொருள்) வைத்து, நேயர் எந்த நாடு என்று ஐ.பி. முகவரியிலிருந்து காணும் ஜியோஐபி மாட்யூலில் இந்தியா தவிர மற்றதை மறுத்துவிடுங்கள். ஒலியை அனுப்பும் ஐஸ்காஸ்ட் மென்பொருளின் போர்ட்டை ஃபயர்வாலில் மூட மறந்தால் நேரடி முகவரியைப் பிடித்து எல்லோரும் கேட்பார்கள், பெரும்பாலும் கோட்டை விடுவது அந்த இடத்தில்தான்.

அசுராகாஸ்டில் ஆன்-டிமாண்ட் (நேயரே பாட்டைத் தேர்ந்தெடுக்கும்) பக்கத்தையும் தரவிறக்கத்தையும் அணைத்துவிடுங்கள். நேயர் விருப்ப வசதி வைத்தால் தாமதத்தை 60 நிமிடத்துக்கு மேல் வையுங்கள். கேட்டவுடன் பாட்டு வந்தால் அது வானொலி இல்லை, இன்டராக்டிவ் சேவை; உரிமமும் வேறு, விலையும் வேறு. கோப்புகளின் டேக்கில் (உள் விவரக் குறிப்பில்) படம், இசையமைப்பாளர், பாடலாசிரியர், லேபிள் நான்கையும் இப்போதே நிரப்புங்கள். உரிமம் தந்தவர்கள் மாதக் கணக்கு கேட்கும்போது 3,000 பாட்டுக்கு உட்கார்ந்து நிரப்ப முடியாது.

யூடியூப் லைவ் மாற்றுவழி அல்ல. பாட்டைத் தானாகக் கண்டுபிடிக்கும் யூடியூபின் கன்டென்ட் ஐடி அடையாளம் கண்டால் முதலில் எச்சரிக்கும், பாட்டு தொடர்ந்தால் ஒளிபரப்பை மறைக்கும் அல்லது நிறுத்தும். கிளெய்ம் (உரிமைக் கோரல்) வேறு, ஸ்ட்ரைக் (மீறல் புகாரால் சேனல் மீது விழும் தண்டனைப் புள்ளி) வேறு: கிளெய்ம் வந்தால் வருமானம் உரிமையாளருக்குப் போகும் அல்லது வீடியோ முடங்கும், 90 நாளில் 3 ஸ்ட்ரைக் விழுந்தால் சேனலே போய்விடும். கிளெய்மை மறுத்தால் எதிர்த் தரப்புக்கு 30 நாள் அவகாசம் உண்டு, 24 மணி நேர வானொலிக்கு அதனால் ஒரு பயனும் இல்லை.

வி.பி.எஸ். நிறுவனத்துக்கு யாராவது எழுத்தில் புகார் கொடுத்தால், காப்புரிமை விதிகள் 2013இன் 75ஆம் விதிப்படி 36 மணி நேரத்துக்குள் அவர்கள் அணுகலை நிறுத்த வேண்டும். 21 நாளில் நீதிமன்ற உத்தரவு வராவிட்டால் திரும்பத் திறக்கலாம். உரிமக் கடிதங்களின் பிரதியை முன்கூட்டியே அவர்களிடம் கொடுத்து வையுங்கள்.