அப்பாயியின் தகரப் பெட்டி

குழு: கடற்கரைத் தெரு வீடு
ஞாயிற்றுக்கிழமை

காலை 9:04
கதிர்: (படம்) பரண் ஒழிக்கும்போது இந்தத் தகரப் பெட்டி கிடைத்தது. மூடியின் மேல் வெள்ளைச் சாயத்தில் 'பினாங்கு' என்று எழுதியிருக்கிறது. அடிப்பக்கம் துருவேறிவிட்டது. உள்ளே ஒன்றும் இல்லை. பழைய இரும்பு எடுப்பவர் வாசலில் நிற்கிறார், போட்டுவிடலாமா?

9:05
பெரியத்தை: போடாதே.

பெரியத்தை: கதிர், முதலில் அவரை அனுப்பிவிட்டு வா.

9:07
கதிர்: அனுப்பிவிட்டேன் அத்தை. யாருடைய பெட்டி இது?

9:09
பெரியத்தை: உன் அப்பாயியுடையது. 1962-இல் ரஜுலாவில் எங்களோடு பினாங்கு வந்தது. எனக்குப் பன்னிரண்டு வயது, உன் அப்பாவுக்கு ஏழு, உன் சித்தப்பாவுக்கு நான்கு. தாத்தா அங்கே துறைமுகக் கிடங்கில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். அவரிடம் போய்ச் சேரத்தான் அந்தப் பயணம்.

9:12
நான்: ரஜுலா என்று வீட்டில் அடிக்கடி பேச்சு வரும். கப்பல் என்பதற்கு மேல் எனக்கு எதுவும் தெரியாது சித்தப்பா.

9:16
சித்தப்பா: தெரிந்துகொள்ள வேண்டிய கப்பல் அம்மா அது. 1926-இல் கிளாஸ்கோவில் கட்டினார்கள். பிரிட்டிஷ் இந்தியா கம்பெனியின் கப்பல். சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம், சிங்கப்பூர் என்று போய்த் திரும்பும். தொடக்க காலத்தில் படுக்கை இல்லாத டெக் பயணிகளை மட்டும் 5,000 பேருக்கு மேல் ஏற்றிச் செல்ல அதற்கு அனுமதி இருந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அந்த எண்ணிக்கையை வெகுவாகக் குறைத்துவிட்டார்கள். நம் மாவட்டத்தில் எத்தனை வீடுகளின் சோறு அந்தக் கப்பலில் வந்தது என்று கணக்கே இல்லை.

9:18
அத்தான் (கிள்ளான்): போர்ட் சுவெட்டன்ஹாம் எங்கள் ஊர்த் துறைமுகம்தான் மாமா. 1972-இல் கிள்ளான் துறைமுகம் என்று பெயர் மாற்றினார்கள். இங்கே இருக்கும் பெரியவர்கள் இன்றும் பழைய பெயரைத்தான் சொல்கிறார்கள்.

9:21
நான்: அத்தை, நம் நாகப்பட்டினத்தில் கப்பல் எங்கே வந்து நிற்கும்?

9:33
பெரியத்தை: கரைக்கு வராது கண்ணு. ஆழம் போதாது. கடலுக்குள் தள்ளி நங்கூரம் போட்டிருக்கும், நாம்தான் படகில் போக வேண்டும். கரையிலிருந்து பார்த்தால் தீப்பெட்டி அளவு. கிட்டே போகப் போகச் சுவர்போல் எழும்பும். அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலித்தது எனக்கு.

பெரியத்தை: கப்பலின் பக்கத்தில் ஏணி தொங்கும். ஓர் அலைக்குப் படகு ஏணிப்படிக்குச் சமமாக ஏறும், அடுத்த அலைக்குக் கிணற்றில் இறங்குவதுபோல் கீழே போகும். படகுக்காரர் அம்மாவின் முழங்கையைப் பிடித்துக்கொண்டு "இப்போது வேண்டாம்மா, இப்போது வேண்டாம்மா" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். மூன்றாவது அலைக்கு "வைம்மா" என்றார். அம்மா காலை வைத்தார். இடுப்பில் உன் சித்தப்பா, வாயில் முந்தானையின் நுனி. நான் ஏறிவிட்டுத் திரும்பிப் பார்த்தபோது படகு ஓர் ஆள் உயரம் கீழே கிடந்தது.

9:35
சித்தப்பா: அந்தப் பயணத்தில் எனக்கு ஒன்றுகூட நினைவில்லை அக்கா. நீங்கள் சொல்லிச் சொல்லி நானே பார்த்ததுபோல் ஆகிவிட்டது.

9:36
கதிர்: பெட்டி எப்படி மேலே வந்தது?

9:44
பெரியத்தை: கயிறு கட்டித் தூக்கினார்கள். அது வந்து சேரும்வரை அம்மா கீழே உட்காரவில்லை.

பெரியத்தை: அந்தப் பெட்டிதான் எங்களுக்கு வீடு. டெக் டிக்கெட் என்றால் படுக்கை கிடையாது, நாமே இடம் பிடித்துப் பாய் விரித்துக்கொள்ள வேண்டும். அம்மா பெட்டியைக் குறுக்கே போட்டார். இந்தப் பக்கம் நாங்கள், அந்தப் பக்கம் திருவாரூர்க் குடும்பம் ஒன்று. பகலில் அதன்மேல்தான் தட்டு வைத்துச் சாப்பிடுவோம். இரவில் இந்தத் தம்பி உருண்டு போகாமல் இருக்க அதுதான் அணை.

பெரியத்தை: முதல் இரண்டு நாள் யாருக்கும் தலை நிமிரவில்லை. எங்கு பார்த்தாலும் வாந்தி, எஞ்சின் எண்ணெய் வாடை, வெங்காய மூட்டை வாடை. எலுமிச்சை ஊறுகாயைத் தொட்டு நாக்கில் வைத்துக்கொண்டு படுத்தே கிடந்தோம். மூன்றாம் நாள் விடிந்தபோது கடல் தாம்பாளத் தண்ணீர்போல் அடங்கியிருந்தது. அப்போதுதான் எல்லோரும் எழுந்து உட்கார்ந்து ஒருவரை ஒருவர் எந்த ஊர் என்று கேட்டுக்கொண்டோம். மாலைக்குள் எனக்கு ஒரு பெரியம்மாவும் இரண்டு அண்ணன்களும் கிடைத்துவிட்டார்கள்.

9:46
நான்: அப்பா என்ன செய்தார் அத்தை?

9:50
பெரியத்தை: கம்பியை விட்டு நகரவே மாட்டான். பறவைக்கோலா மீன்கள் கூட்டமாகத் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு எழும்பும், வெயிலில் சிறகு கண்ணாடிபோல் மின்னும், கொஞ்ச தூரம் பறந்துவிட்டு மறுபடி விழும். அதை எண்ணிக்கொண்டே இருந்தான். சோறு ஊட்டக்கூட அம்மா அங்கேதான் போக வேண்டும். "பேசாதீர்கள், கணக்கு விட்டுப்போகும்" என்பான்.

9:51
சித்தப்பா: அண்ணன் இருந்திருந்தால் இப்போது அந்த எண்ணைச் சரியாகச் சொல்லியிருப்பார்.

9:52
நான்: ஆமாம் சித்தப்பா. எங்களிடம் 47 என்று சொல்வார். எதை எண்ணினார் என்று இன்றுதான் தெரிகிறது.

10:05
சித்தப்பா: நான் என் நினைவில் போனது 1978-இல், சிதம்பரம் கப்பலில். 1966-இல் பிரான்சின் டன்கெர்க்கில் கட்டியது. பாஸ்தர் என்பது பழைய பெயர். நம் இந்தியக் கப்பல் கழகம் வாங்கிச் சிதம்பரம் என்று பெயர் வைத்தது. ரஜுலாவோடு ஒப்பிட்டால் அரண்மனை, அடுக்குப் படுக்கை உண்டு. ஆனால் எனக்கு நெஞ்சில் நிற்பது கடிகாரம்தான். அப்போது இந்தியாவுக்கும் மலேசியாவுக்கும் 2 மணி நேர வித்தியாசம். அதை ஒரே அடியாக மாற்ற மாட்டார்கள். அரை அரை மணியாக ஒவ்வொரு நாளும் முன்னால் திருப்பச் சொல்வார்கள். இரவு படுக்கப்போகும்போது வரிசையாக எல்லோரும் கைக்கடிகாரத்தைத் திருகிக்கொண்டிருப்பார்கள். பினாங்கில் இறங்கும்போது பசியும் தூக்கமும் அந்த ஊர் நேரத்துக்கு வந்திருக்கும்.

10:08
அத்தான் (கிள்ளான்): இப்போது வித்தியாசம் இரண்டரை மணி மாமா. 1982 தொடக்கத்தில் இங்கே அரை மணி முன்னே தள்ளிவிட்டார்கள். விமானத்தில் அம்மா இங்கே வந்தபோது மூன்று நாள் நடு இரவில் எழுந்து உட்கார்ந்திருந்தார்கள்.

10:10
பெரியத்தை: உடம்பு மட்டும் வந்துவிட்டது ராசா. மனம் வந்து சேர நான்கு நாள் வேண்டும், அதைக் கப்பல் கொடுத்தது.

10:14
சித்தப்பா: அந்த 1978 பயணத்தின் இரண்டாம் இரவு நிக்கோபார் தீவுகளின் தெற்கு முனையில் கலங்கரை விளக்கம் தெரிந்தது. இரண்டு நாள் தண்ணீரைத் தவிர ஒன்றும் பார்க்காதவனுக்கு அந்த ஒரு புள்ளி வெளிச்சம் எப்படி இருந்தது என்று சொல்லவே முடியவில்லை. தூங்கிக்கொண்டிருந்தவர்களை எல்லாம் எழுப்பிக் காட்டினேன்.

10:15
நான்: அந்தக் கப்பல்கள் இப்போது எங்கே சித்தப்பா?

10:19
சித்தப்பா: ரஜுலாவை 1973-இல் நம் கப்பல் கழகம் வாங்கி ரங்கத் என்று பெயர் மாற்றியது. அடுத்த ஆண்டே பம்பாயில் உடைத்துவிட்டார்கள். சிதம்பரத்தில் 1985 பிப்ரவரியில் நடுக்கடலில் தீப்பிடித்தது. நிறையப் பேர் இறந்துபோனார்கள். அதற்குப் பிறகு அந்தக் கப்பல் ஓடவில்லை. அந்தச் செய்தியைப் படித்த நாளில் நான் வேலைக்குப் போகவில்லை.

10:31
கதிர்: அத்தை, பெட்டியைத் துடைத்து வெயிலில் வைக்கப் போகிறேன். மூடியின் உள்பக்கம் மட்டும் கெட்டியான வெள்ளைக் கறை, சுரண்டினால் வந்துவிடும் என்று நினைக்கிறேன்.

10:32
பெரியத்தை: கை வைக்காதே. படம் எடுத்துப் போடு.

10:33
கதிர்: (படம்)

10:34
அத்தான் (கிள்ளான்): கறை இல்லை இது. கோடுகள். ஐந்து இருக்கிறது. விரலால் இழுத்ததுபோல் தெரிகிறது.

10:47
பெரியத்தை: வெற்றிலைச் சுண்ணாம்பு. அம்மா தினமும் விடிந்ததும் வெற்றிலை போட்டுவிட்டு, விரலில் மீந்த சுண்ணாம்பால் மூடிக்குள் ஒரு கோடு இழுப்பார். நாள் கணக்கு அதுதான். கப்பலில் நான்கு நாள், நான்கு கோடு.

10:48
கதிர்: ஐந்தாவது?

10:56
பெரியத்தை: நான்காம் நாள் மாலை பினாங்கு தெரிந்துவிட்டது. மலை, வீடுகள், கரையில் நிற்கும் ஆட்கள் எல்லாம் தெரிகிறார்கள். ஆனால் கப்பலின் கொடிமரத்தில் மஞ்சள் கொடி. டாக்டர் வந்து எல்லோரையும் பார்த்து, அம்மை ஊசிச் சீட்டைச் சரிபார்த்து, அந்தக் கொடி இறங்கினால்தான் கரை. இருட்டிவிட்டதால் காலையில்தான் வருவார்கள் என்றார்கள். அம்மா எங்களுக்குத் தலைவாரி, பெட்டியைக் கட்டி, இறங்கத் தயாராக உட்கார்ந்திருந்தார். கயிற்றை அவிழ்க்கவே இல்லை. இரவு முழுவதும் பெட்டியின்மேல் உட்கார்ந்து கரை விளக்குகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்பாவைப் பார்த்து மூன்று வருடம் ஆகியிருந்தது. விடிந்ததும் கட்டிய கயிற்றை அவிழ்த்து, மூடியைத் திறந்து, ஐந்தாவது கோட்டைப் போட்டுவிட்டு மறுபடி கட்டினார்.

10:58
அத்தான் (கிள்ளான்): அம்மா, இதை நீங்கள் என்னிடம் சொன்னதே இல்லையே.

10:59
பெரியத்தை: அந்த மூடியைத் திறந்து நான் பார்த்தே ஐம்பது வருடம் ஆகிறது ராசா. கோடு அழிந்திருக்கும் என்று நினைத்தேன்.

11:03
நான்: பெட்டியைக் கூடத்துக்குக் கொண்டு வந்துவிட்டோம் அத்தை.

11:04
பெரியத்தை: நாளை காலை முதல் பஸ்ஸில் வருகிறேன். அதுவரை ஈரத்துணி படக் கூடாது. மூடியைத் திறந்தே வைத்திரு கண்ணு, ஆனால் வெயிலில் வைக்காதே, சுண்ணாம்பு உதிர்ந்துவிடும்.